பிசினஸ் கிளாஸ் சாப்பாடும் வைனும்: சிங்கப்பூர், கத்தார், எமிரேட்ஸ் ஓர் ஒப்பீடு

பிசினஸ் கிளாஸில் பயணச்சீட்டு எடுப்பவர்கள் முதலில் விசாரிப்பது இருக்கை முழுப் படுக்கையாக நீளுமா என்பதைத்தான். சாப்பாட்டைப் பற்றிய விசாரிப்பு கடைசியில் வரும், அல்லது வராமலே போகும். பன்னிரண்டு மணி நேரப் பயணத்தில் இரண்டு முறை முழுச் சாப்பாடு சாப்பிடுகிறோம் என்பதையும், கொடுத்த பணத்தில் அதற்கும் ஒரு பங்கு உண்டு என்பதையும் நினைத்துப் பார்த்தால் இது சரியல்ல. சென்னையிலிருந்து வெளிநாடு செல்பவர்கள் பெரும்பாலும் எடை போட்டுப் பார்க்கும் மூன்று நிறுவனங்களான சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், கத்தார் ஏர்வேஸ், எமிரேட்ஸ் ஆகியவற்றைச் சாப்பாடு, வைன் என்ற இரண்டை மட்டும் வைத்து இங்கே ஒப்பிடுகிறேன்.

ஒப்பிடுவதற்கு முன் அளவுகோலைச் சொல்லிவிட வேண்டும். விமானம் 35,000 அடி உயரத்தில் பறந்தாலும், உள்ளே இருக்கும் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரமுள்ள மலைமேல் இருப்பதற்குச் சமமாக வைக்கப்படுகிறது. ஏறத்தாழ ஊட்டியிலோ கொடைக்கானலிலோ உட்கார்ந்து சாப்பிடுவது போலத்தான். ஆனால் ஊட்டியின் ஈரக்காற்று அங்கே இல்லை. கேபினில் ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழே இருப்பதால் மூக்கு வறண்டு, மணம் பாதி தெரியாமல் போகிறது. ஜெர்மனியின் லுஃப்தான்சா நிறுவனத்துக்காக 2010-ஆம் ஆண்டு ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனம், மியூனிக் அருகே ஹோல்ஸ்கிர்ஷனில் உள்ள தன் அழுத்தக் கூடத்தில், பழைய ஏர்பஸ் விமானத்தின் உடற்பகுதிக்குள் ஆட்களை உட்கார வைத்துச் சாப்பாடு கொடுத்துப் பார்த்தது. உப்பும் இனிப்பும் நன்றாக மங்கின. புளிப்பும் கசப்பும் காரமும் பெரிதாக மாறவில்லை. தரையில் யாரும் அவ்வளவாகத் தொடாத தக்காளிச் சாற்றை வானில் மட்டும் ஏன் இத்தனை பேர் கேட்கிறார்கள் என்ற கேள்விக்கும் அங்கே விடை கிடைத்தது. பின்னர் 2015-இல் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வொன்று, விமான இரைச்சலில் இனிப்பு மங்குவதையும், தக்காளியிலும் காளானிலும் சோயா சாஸிலும் உள்ள 'உமாமி' என்ற சுவை தூக்கலாகத் தெரிவதையும் காட்டியது.

இரண்டாவது தடை சமைக்கும் முறை. விமானத்தில் யாரும் அடுப்பு மூட்டிச் சமைப்பதில்லை. தரையில் சமைத்து, வேகமாகக் குளிரூட்டி, குளிர் குறையாமல் ஏற்றி, மேலே 'அவன்' என்ற மின்சூட்டுப் பெட்டியில் சூடாக்கித்தான் பரிமாறுகிறார்கள். ஆகவே மறுசூட்டைத் தாங்கும் பண்டம் எது என்பதே முதல் கேள்வி. 1973-இல் பிரான்ஸின் யூ.டி.ஏ. விமான நிறுவனம் ரேமோன் ஒலிவே என்ற புகழ்பெற்ற சமையற்கலைஞரிடம் யோசனை கேட்டபோது, வைனில் ஊறி வெந்த கோழி, மாட்டிறைச்சிக் குழம்பு போன்ற சாறுள்ள பண்டங்களையே அவர் பரிந்துரைத்தார். மீன் குழம்பு மறுநாள்தான் ருசி என்பது நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. அதே கணக்குத்தான் இதுவும். நான் ஒருமுறை, பெயர் சொல்ல விரும்பாத ஒரு நிறுவனத்தில், ஆசைப்பட்டு மசால் தோசை கேட்டு வாங்கினேன். அலுமினியத் தாளைப் பிரித்தபோது உள்ளே ஈரத்துணி போல மடிந்து கிடந்தது. கரண்டியால் வெட்டினால் இழுபட்டது. அதே தட்டில் இருந்த சாம்பாரோ அருமையாக இருந்தது. அன்றிலிருந்து எந்த நிறுவனத்திலும் மொறுமொறுப்பை நம்பி எதையும் கேட்பதில்லை.

இந்த அளவுகோலில் சாப்பாட்டுக்கு முதலிடம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்கே என்பது என் தீர்ப்பு. 1998 முதல் அவர்கள் நடத்திவரும் 'புக் த குக்' என்ற முன்பதிவு ஏற்பாடே அதற்கு முதல் காரணம். புறப்படுவதற்கு 24 மணி நேரத்துக்கு முன்பே ஒரு நீண்ட பட்டியலிலிருந்து வேண்டிய முக்கிய உணவைத் தேர்ந்தெடுத்துவிடலாம். யார் எதைச் சாப்பிடப் போகிறார்கள் என்று சமையலறைக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுவதால், ஊகத்தில் சமைத்து ஏற்ற வேண்டியதில்லை. நம் முறை வரும்போது கேட்டது தீர்ந்துவிட்டது என்ற ஏமாற்றமும் இல்லை. அந்தப் பட்டியலில் எல்லோரும் புகழ்வது லாப்ஸ்டர் தெர்மிடார் என்ற சிங்கி இறால் பண்டத்தை. வெண்ணெயும் சீஸும் சேர்ந்த கெட்டிச் சாறு இறைச்சியைக் காய விடாமல் காக்கிறது என்பதால் அது மறுசூட்டுக்கு ஏற்ற தேர்வுதான். ஆனாலும் என் கை நாசி லெமாக் பக்கமே போகும். தேங்காய்ப்பாலில் வெந்த சோறு, சம்பால் என்ற மிளகாய்த் துவையல், நெத்திலி, வேர்க்கடலை என்று காரமும் உமாமியும் ஒரே தட்டில் சேர்ந்திருப்பதால், மேலே போய் மங்குவதற்கு அதில் அதிகம் இல்லை.

சாத்தேயைச் சொல்லாமல் விட முடியாது. மூங்கில் குச்சியில் கோர்த்துச் சுட்ட இறைச்சி, பக்கத்தில் வெங்காயத் துண்டும் வெள்ளரிக்காயும், சிறு கிண்ணத்தில் வேர்க்கடலைச் சாறு. தட்டு வருவதற்கு முன்பே அதன் வாசனை வந்துவிடும். வறண்ட மூக்கையும் எட்டும் அளவுக்கு அழுத்தமான வாசனை. சாங்கி விமான நிலையத்தில் சமைத்துத் தரும் சாட்ஸ் நிறுவனம், விமானத்துக்குள் இருக்கும் அழுத்தத்தை உண்டாக்கும் அறையொன்றில் உணவை ருசி பார்க்கிறது. அந்தச் சாற்றை நாவில் வைக்கும்போது அந்த உழைப்பு தெரிகிறது. ஒரு குறை உண்டு: நீண்ட பட்டியல் சிங்கப்பூரிலிருந்து புறப்படும் விமானங்களுக்குத்தான், மற்ற ஊர்களில் ஏறினால் பட்டியல் சுருங்கிவிடும்.

கத்தார் ஏர்வேஸின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. அங்கே சாப்பாட்டுக்கு நேரம் குறிப்பதில்லை. பட்டியலில் உள்ளதில் எதை வேண்டுமானாலும், எந்த வரிசையில் வேண்டுமானாலும், பசிக்கும்போது கேட்டு வாங்கலாம். பின்னிரவில் சென்னையிலிருந்து கிளம்புகிறவருக்கு இது பெரிய ஆறுதல்: ஏறியதும் தூங்கிவிட்டு, இறங்குவதற்கு முன் சாப்பிடலாம். ஒரே நேரத்தில் பலர் கேட்டால் சிறிய அடுக்களையும் சில அவன்களும் திணறத்தான் செய்யும் என்பதால், அவசரப்படுகிறவர்களுக்கு இது ஒத்துவராது. உணவில் மிகச் சிறந்தது மெஸ்ஸே எனப்படும் அரபுத் தொடக்கத் தட்டு. கொண்டைக்கடலை விழுதான ஹம்முஸ், சுட்ட கத்தரிக்காயில் செய்த மூத்தபல், எலுமிச்சை பிழிந்த கீரை சாலடான தப்பூலே எல்லாமே குளிர்ந்த நிலையில் பரிமாறப்படுவதால் மறுசூடு என்ற தொல்லையே அங்கே எழுவதில்லை. புளிப்பும் பூண்டும் தூக்கலாக இருப்பதால் ருசியும் மங்குவதில்லை. கடைசியில் ஏலக்காய் மணக்கும் கரக் டீ ஒரு கோப்பை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மேலே கிடைக்கும் டீக்களில் அதற்கு ஈடாக வேறொன்றை நான் குடித்ததில்லை.

எமிரேட்ஸ் சாப்பாடு தரமானதுதான், அளவும் தாராளம். ஆனால் சாத்தேயைப் போல மனத்தில் தங்கும் ஒரு தட்டு அங்கே எனக்கு வாய்க்கவில்லை. மெஸ்ஸே கத்தாருக்கு நிகர். முக்கிய உணவு சிங்கப்பூருக்கு ஒரு படி கீழே. அந்த நிறுவனம் மற்ற இரண்டையும் முந்துவது வைனில்.

வைன் விஷயத்தில் வானம் இன்னும் கடுமையான பரீட்சை வைக்கிறது. பழச்சுவை அடங்கிப் போக, திராட்சைத் தோலிலிருந்து வரும் துவர்ப்பும் புளிப்பும் முன்னே வந்து நிற்கின்றன. தரையில் மேஜைக்குக் கம்பீரம் தரும், பிரான்ஸின் போர்டோ பகுதியைச் சேர்ந்த இளம் சிவப்பு வைன், மேலே போனால் வாயைக் கூச வைக்கும். அந்தத் துவர்ப்பு தானாக அடங்க ஆண்டுகள் ஆகும். எமிரேட்ஸ் 2006 முதல், போர்டோ வைன்களைப் புட்டியில் அடைப்பதற்கு முன்பே, விலை குறைவாக இருக்கும் காலத்தில் மொத்தமாக வாங்கி, பிரான்ஸின் பர்கண்டிப் பகுதியில் உள்ள தன் சொந்தப் பாதாளக் கிடங்கில் ஆண்டுக்கணக்கில் முதிர வைக்கிறது. மிகச் சிறந்தவை முதல் வகுப்புக்குப் போய்விடும் என்றாலும், பிசினஸ் கிளாஸில் ஊற்றப்படும் போர்டோவும் முதிர்ந்த, மென்மையான வைனாகவே இருக்கிறது. பெயரைக் காட்டுவதற்காக இளம் புட்டியை வாங்கி அப்படியே ஊற்றும் வழக்கத்தோடு ஒப்பிட்டால், குடிப்பவர் மேல் இது எவ்வளவு பெரிய அக்கறை! ஏ380 விமானங்களின் மேல்தளத்தில் உள்ள மதுக்கூடத்தில், வேண்டியதைக் கேட்டு நின்றபடியே ருசி பார்க்கவும் முடியும்.

சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இதே சிக்கலைத் தேர்வின் மூலம் தீர்க்கிறது. வைன் துறையின் மிக உயர்ந்த பட்டங்களில் ஒன்றான 'மாஸ்டர் ஆஃப் வைன்' பட்டத்தை ஆசியர்களில் முதலில் பெற்ற ஜீனி சோ லீ, ஆஸ்திரேலியாவின் முதல் மாஸ்டரான மைக்கேல் ஹில் ஸ்மித் போன்றவர்கள் அடங்கிய குழு பல ஆண்டுகளாக வைன்களை ருசித்துத் தேர்ந்தெடுத்து வந்திருக்கிறது. பழச்சுவை தூக்கலான ஆஸ்திரேலிய ஷிராஸ் என்ற சிவப்பு வைன் கிடைத்தால் தயங்காமல் எடுக்கலாம். வேர்க்கடலைச் சாற்றோடும் அது நன்றாகப் பொருந்தும். கத்தாரில் வெள்ளை வைனும், சாப்பாட்டுக்குப் பின் தரும் இனிப்பு வைனும் நன்றாக இருக்கும். இனிப்பு சற்றே மங்குவது அந்த இனிப்பு வைனுக்கு நன்மையாகவே முடிகிறது.

துருக்கி ஏர்லைன்ஸையும் ஒரு வரி சேர்த்துச் சொல்ல வேண்டும். 2007 முதல் டோ அண்ட் கோ என்ற உணவு வழங்கும் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து அவர்கள் தரும் குளிர்ந்த தொடக்கத் தட்டுகள் கத்தாருக்குச் சரியான போட்டி. ஆனால் சென்னையிலிருந்து நேரடி விமானம் இல்லாததால் இந்த ஒப்பீட்டில் அதை உள்ளே கொண்டுவரவில்லை.

சைவம் சாப்பிடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்திய சைவ உணவு என்று முன்பதிவு செய்துவிட்டால், பெரும்பாலும் பட்டியலிலுள்ள மற்றவற்றுக்குப் பதிலாக அந்த ஒரு தட்டுதான் வரும். தோஹா, துபாய் வழியாகப் போகும்போது மெஸ்ஸேயில் பெரும்பகுதி சைவம்தான் என்பதால், பட்டியலை இணையத்தில் பார்த்துவிட்டு முடிவு செய்வது நல்லது. சிங்கப்பூர் வழியில் முன்பதிவே மேல். நம் பக்கத்துக் குழம்பு வகைகள் புளிப்பும் காரமும் கொண்டவை என்பதால், வானில் தலைநிமிர்ந்து நிற்கும் உணவுகளில் அவையும் அடங்கும்.

என் கைக்காசில் போவதென்றால், ஆஸ்திரேலியாவுக்குச் சிங்கப்பூர் வழி, ஐரோப்பாவுக்கு இரவு விமானம் என்றால் தோஹா வழி, நீண்ட அமெரிக்கப் பயணத்தில் ஏ380 கிடைத்தால் துபாய் வழி என்று தேர்ந்தெடுப்பேன். சிங்கப்பூர் வழியில் முன்பதிவுக்கு 24 மணி நேரக் கெடு இருப்பதால், பெட்டி கட்ட உட்காரும் முன்பே நாசி லெமாக்கைப் பதிவு செய்து முடித்துவிடுவது என் வழக்கம்.