ஐந்து வருடமாக வயர்ஷார்க்: பாக்கெட்டைக் கண்ணால் பார்த்துப் படித்த அனுபவம்

நெட்வொர்க்கிங் படிக்க ஆரம்பித்த முதல் ஆறு மாதம் நெட்வொர்க்கின் வேலையை அடுக்கடுக்காகப் பிரித்துக் காட்டும் ஓஎஸ்ஐ மாடலின் ஏழு அடுக்குகளை மனப்பாடம் செய்வதிலேயே போய்விட்டது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரிசை மாறாமல் சொல்வேன். ஆனால் பிரவுசரில் ஒரு முகவரியைத் தட்டினால் கேபிளில் என்ன போகிறது என்று கேட்டால் பதில் வராது. அந்தச் சமயத்தில்தான், நெட்வொர்க்கில் போகும் தரவுத் துண்டுகளை, அதாவது பாக்கெட்டுகளை, பிடித்துத் திரையில் காட்டும் வயர்ஷார்க்கை நிறுவினேன்.

இலவச மென்பொருள். 1998-இல் ஜெரால்ட் கோம்ப்ஸ் ஈத்தரீயல் என்ற பெயரில் வெளியிட்டது, 2006-இல் பெயர் மாறியது. விண்டோஸில் போடுகிறவர்கள் கூடவே வரும் என்பிகேப் என்ற பாக்கெட் பிடிக்கும் டிரைவரையும் நிறுவுங்கள். அது இல்லாமல் பாக்கெட்டைப் பிடிக்க முடியாது.

முதல் நாள் மிரண்டுபோனேன். நான் எதையுமே திறக்கவில்லை, ஆனால் வரிகள் ஓடிக்கொண்டே இருந்தன. வேண்டிய வரிகளை மட்டும் காட்டும் ஃபில்டர் போடக் கற்ற பிறகுதான் மூச்சு வந்தது. ஒரு தளத்தைத் திறந்தேன். முதலில் தளத்தின் பெயருக்கு ஐபி முகவரி கேட்கும் டிஎன்எஸ் கேள்வி, அதன் பதில், அப்புறம் டிசிபி இணைப்பைத் தொடங்கும் சின், சின்-ஆக், ஆக் என்று மூன்று வரி. ஒரு வரியைச் சொடுக்கினால் ஈத்தர்நெட், ஐபி, டிசிபி எல்லாம் ஒன்றன் கீழ் ஒன்றாக விரிந்தன. நான் மனப்பாடம் செய்த அடுக்குகள்! அந்த ஏழில் உள்ள செஷன், பிரசென்டேஷன் அடுக்குகளுக்கென்று தனியாக எதுவும் இல்லை என்பதையும் அன்றுதான் கவனித்தேன்.

ஒரு விஷயம் என்னை வெகுநாள் குழப்பியது. டிசிபி தரவை வரிசைப்படுத்தும் சீக்வென்ஸ் எண் கணிக்க முடியாத ஒரு எண்ணில் தொடங்கும் என்று படித்திருந்தேன், திரையிலோ எப்போதும் 0. படிக்க வசதியாக வயர்ஷார்க்கே தொடக்க எண்ணைக் கழித்துக் காட்டுகிறது. அமைப்புகளில் அதை நிறுத்தினால் உண்மையான எண் தெரியும்.

சென்ற வருடம் அலுவலகத்தில் நாலைந்து கணினிகளுக்கு மட்டும் இணையம் நின்றது. 192.168.1 என்று தொடங்க வேண்டிய ஐபி முகவரி 192.168.0 என்று வந்திருந்தது. கணினிக்குத் தானாக ஐபி முகவரி கொடுக்கும் முறைதான் டிஹெச்சிபி. ஒரு கணினியில் அதற்கான ஃபில்டர் போட்டுப் பார்த்தேன். முகவரி யார் தருவீர்கள் என்று கேட்கும் ஒரு டிஸ்கவர் போகிறது, இதோ முகவரி என்று இரண்டு ஆஃபர் வருகின்றன. இரண்டாவது ஆஃபரை அனுப்பிய சாதனத்தின் மேக் முகவரிக்கு (வன்பொருள் முகவரி) பக்கத்தில், வீட்டு ரவுட்டர் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் பெயர். தேடினால், பிரின்டருக்குப் பின்னால் கூடுதல் போர்ட்டுக்காக யாரோ ஒரு பழைய ரவுட்டரைச் செருகியிருந்தார்கள். அதன் ஆஃபர் முந்திக்கொண்ட கணினிகள்தான் மாட்டியிருந்தன. கேபிளைப் பிடுங்கி, முகவரியைப் புதுப்பித்ததும் சரியாகிவிட்டது.

குறைகளும் உண்டு. சுவிட்ச்சில் இணைந்திருந்தால் பெரும்பாலும் நம் கணினியின் போக்குவரத்தும், எல்லோருக்கும் பொதுவாகப் போகும் பிராட்காஸ்ட்டும் மட்டுமே தெரியும். ஹெச்டிடிபிஎஸ் தளங்களின் உள்ளடக்கம் மறையாக்கம் செய்யப்பட்டிருப்பதால் அதை அப்படியே படிக்க முடியாது. பழைய பாடங்களில் சொல்லும் பூட்பி என்ற ஃபில்டர் பெயர் வயர்ஷார்க் 3.0 பதிப்பில் டிஹெச்சிபி என்று மாறிவிட்டது, புதிதாக வருகிறவர்கள் இங்கேதான் திணறுகிறார்கள். அப்புறம், அடுத்தவர் நெட்வொர்க்கில் அனுமதி இல்லாமல் இதை ஓட்டவே கூடாது.

இப்போது டிப்ளமா படிக்கும் சித்தி மகளுக்கு இதை வைத்துத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். முகவரியைப் புதுப்பிக்கச் சொன்னேன். “நாலு பாக்கெட் வரும்னு சொன்னீங்களே அண்ணா, ரெண்டுதான் வருது?” என்றாள். கையில் இருக்கும் முகவரியை நீட்டிக்க ரிக்வெஸ்ட்டும் ஆக்கும் போதும். முகவரியை ரிலீஸ் செய்துவிட்டு, அதாவது திருப்பிக் கொடுத்துவிட்டு, புதிதாகக் கேட்கச் சொன்னேன். டிஸ்கவர், ஆஃபர், ரிக்வெஸ்ட், ஆக் என்று நாலும் வரிசையாக வந்தன.