அமெரிக்காவில் பைலட் டிகிரி: மாநிலப் பல்கலைக்கழகத்தில் கொடுக்கிற காசுக்கு என்ன கிடைக்கிறது?

பைலட் டிகிரிக்கு இரண்டு பில் வரும். ஒன்று கல்லூரிக் கட்டணம். இன்னொன்று பறக்கும் கட்டணம்: விமான வாடகை, இன்ஸ்ட்ரக்டர் சம்பளம், சிமுலேட்டர், தேர்வுச் செலவு. கல்லூரியின் இணையதளத்தில் கொட்டை எழுத்தில் இருப்பது முதல் பில்தான். பிரைவேட் பைலட்டில் (சொந்தத்துக்குப் பறக்க) தொடங்கி இன்ஸ்ட்ரூமென்ட் (மேகத்தில் கருவிகளைப் பார்த்துப் பறக்க), கமர்ஷியல் (சம்பளத்துக்குப் பறக்க), மல்டி எஞ்சின், இன்ஸ்ட்ரக்டர் சான்றிதழ் வரை போனால் இரண்டாவது பில் மட்டுமே பல இடங்களில் 60 ஆயிரத்திலிருந்து 1 லட்சம் டாலர் வரை போகிறது. சொந்த மாநிலத்துப் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் கல்லூரிக் கட்டணச் சலுகை அதைத் தொடாது. செஸ்னா 172 என்ற சிறிய பயிற்சி விமானத்துக்கு மணிக்கு இவ்வளவு என்றால் உள்ளூர்க்காரருக்கும் வெளியூர்க்காரருக்கும் அவ்வளவுதான். ஆகவே ‘மலிவான கல்லூரி’ என்று தேடும்போது இரண்டு பில்லையும் கூட்டி நான்கு வருடத்துக்குப் போட்டுப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

இந்தப் பட்டம் எதை வாங்கித் தருகிறது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். 2009 பிப்ரவரி 12 அன்று பஃபலோ நகருக்கு அருகே கோல்கன் ஏர் 3407 விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். அதைத் தொடர்ந்து 2010-இல் வந்த சட்டத்தால், 2013 முதல் பயணிகள் விமானத்தில் துணை விமானியாக உட்காரவும் ஏ.டி.பி. என்ற ஏர்லைன் விமானிச் சான்றிதழ் வேண்டும், அதற்கு 1,500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதிலேயே ஒரு விலக்கும் இருக்கிறது. அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்.ஏ.ஏ. அங்கீகரித்த கல்லூரியில் ஏவியேஷனை முதன்மைப் பாடமாக எடுத்து, 60 கிரெடிட் ஏவியேஷன் பாடங்களோடு இளநிலைப் பட்டம் முடித்தால் 1,000 மணி போதும். 30 கிரெடிட்டோடு இரண்டு வருட அசோசியேட் பட்டம் என்றால் 1,250 மணி. இதற்கு ரெஸ்ட்ரிக்டட் ஏ.டி.பி. என்று பெயர். நான்கு வருடப் பட்டம் சட்டப்படி வாங்கித் தருவது இந்த 500 மணி நேரச் சலுகை. மணிக்கணக்கைச் சேர்க்க இன்ஸ்ட்ரக்டராக மாதம் 70 மணி பறப்பவருக்கு அது ஏழு மாதம். ஏர்லைனில் சம்பளம், ரூட், விடுமுறை எல்லாமே சீனியாரிட்டி எண்ணை ஒட்டியே நகர்வதால் ஏழு மாதம் முந்துவது சின்ன விஷயம் இல்லை. ஆனால் அதற்கு எத்தனை ஆயிரம் டாலர் கூடுதலாகக் கொடுக்கலாம் என்பதற்கு ஒரு எல்லை உண்டு.

சலுகை தானாகவும் வந்துவிடாது. இன்ஸ்ட்ரூமென்ட், கமர்ஷியல் இரண்டுக்கும் வகுப்புப் பாடத்தை அந்தக் கல்லூரியிலேயே, பார்ட் 141 பாடத்திட்டத்தில் (எஃப்.ஏ.ஏ. ஒப்புதல் பெற்ற பள்ளிகளின் கட்டுக்கோப்பான முறை) படித்திருக்க வேண்டும். பறக்கும் பயிற்சியும் அங்கேயோ, கல்லூரியோடு ஒப்பந்தம் உள்ள பார்ட் 141 பள்ளியிலோ நடந்திருக்க வேண்டும். பலர் வழுக்கி விழுவது இங்கேதான். காசு மிச்சம் பிடிக்கலாம் என்று கோடை விடுமுறையில் ஊருக்குப் போய், பக்கத்து ஏர்போர்ட்டில் பார்ட் 61 என்ற தளர்வான பயிற்சி முறையில் இன்ஸ்ட்ரூமென்ட் ரேட்டிங்கை, அதாவது அந்தக் கூடுதல் தகுதியை, முடித்துவிட்டு வருகிறார்கள். ரேட்டிங் செல்லும். 1,000 மணிச் சலுகை போய்விடும். ஊரில் முடிக்கத் தகுந்தது பிரைவேட் பைலட் மட்டுமே. சட்டம் அதைத் தடுப்பதில்லை. சிறிய ஏர்போர்ட்டில், பழைய செஸ்னா 150 மாதிரி விமானத்தில் முடித்தால் நல்ல தொகை மிஞ்சும். சில பல்கலைக்கழகங்கள் அதன் பிறகு ஒரு சரிபார்ப்பு கோர்ஸ் எடுக்கச் சொல்லும், அதன் விலையையும் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

பாதியில் பள்ளி மாறுவதும் காசைக் கரைக்கும். ஒரு பார்ட் 141 பள்ளியிலிருந்து இன்னொன்றுக்குப் போனால் புதிய பாடத்திட்டத்தில் அதிகபட்சம் பாதிக்குத்தான் கிரெடிட் தர முடியும். பார்ட் 61-இலிருந்து வந்தால் கால்வாசிக்கு மட்டும். மாறுவதாக இருந்தால் கையில் இருக்கும் சான்றிதழை முடித்துவிட்டு மாற வேண்டும்.

இனி அந்த இரண்டாவது பில்லை நெருங்கிப் பார்க்கலாம். விமானத்தின் டாஷ்போர்டில் ஹாப்ஸ் மீட்டர் என்று ஒரு சின்னப் பெட்டி இருக்கும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அதுவும் ஓடத் தொடங்கும். கடைசி இலக்கம் ஆறு நிமிடத்துக்கு ஒருமுறை நகரும், அதாவது 0.1 மணி. பரபரப்பான ஏர்போர்ட்டில் ரன்வே ஓரத்தில் முன்னால் ஐந்து விமானம் நின்றால், தரையிலேயே 0.2, 0.3 போய்விடும். லாக்புக்கில் அந்த நேரமும் சேரும் என்பது உண்மை. ஆனால் தரையிறங்கப் பழக அந்த நிமிடங்கள் உதவாது, அன்றைய பாடம் முடியாமல் இன்னொரு நாளுக்குத் தள்ளிப்போகும். ஒரு பாடத்துக்கு 0.2 மணி வீதம் 130 பாடங்களுக்கு 26 மணி. விமான வாடகை மணிக்கு 190 டாலர் என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறைய 5,000 டாலர், காத்திருந்ததற்கு. மணிக்கு பத்து டாலர் குறைவு என்பதற்காக நெரிசலான ஏர்போர்ட்டைத் தேர்ந்தெடுப்பது லாபம் இல்லை.

அடுத்தது, கட்டணப் பட்டியலில் எந்த மணிக்கணக்கு போடப்பட்டிருக்கிறது என்பது. பார்ட் 141-இல் பிரைவேட் பைலட்டுக்குக் குறைந்தபட்சம் 35 மணி. பிரைவேட், இன்ஸ்ட்ரூமென்ட், கமர்ஷியல் சேர்ந்து 190 மணி. பார்ட் 61 என்றால் பிரைவேட்டுக்கு 40, மொத்தம் 250. பல பட்டியல்கள் இந்தக் குறைந்தபட்சத்தை வைத்தே போடப்படுகின்றன. 35 மணியில் பிரைவேட் முடிப்பவர்கள் அபூர்வம். 55, 60, 70 மணி என்பதுதான் சாதாரணம். “போன வருடம் முடித்த மாணவர்கள் ஒவ்வொரு சான்றிதழுக்கும் சராசரியாக எத்தனை மணி எடுத்தார்கள், எத்தனை டாலர் கட்டினார்கள்?” என்று எழுத்தில் கேளுங்கள். இந்த எண்ணைத் தர மறுக்கும் இடத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். ஹெட்செட், ஐபேட், ஃபோர்ஃபிளைட் என்ற விமானிகள் செயலியின் சந்தா, ஒவ்வொன்றும் 175 டாலர் ஆகும் எழுத்துத் தேர்வுகள், விமானக் காப்பீடு ஆகியவை பட்டியலுக்குள்ளா வெளியிலா என்றும் கேட்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட அதிகம் கரைவது காத்திருப்பில்தான். ஒரு மாணவி நவம்பர் நடுவில் இன்ஸ்ட்ரூமென்ட் தேர்வுக்குத் தயார் என்று வைத்துக்கொள்வோம். பறந்து காட்டும் தேர்வை நடத்தும் வெளித் தேர்வாளர் கிடைப்பது ஜனவரி கடைசியில். இடையில் பனி, விடுமுறை. இரண்டு மாதத்தில் கை பழக்கம் விட்டுப்போகும், திரும்பச் சூடேற்ற நாலைந்து பாடம் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் விமானம், இன்ஸ்ட்ரக்டர் என்று காசு. அதோடு தேர்வாளர் கட்டணமும் இன்று பல ஊர்களில் 800 டாலரைத் தாண்டுகிறது. இந்தச் சிக்கலைத் தவிர்க்க வழி இருக்கிறது: சில பார்ட் 141 பள்ளிகளுக்குத் தாங்களே தேர்வு நடத்திச் சான்றிதழுக்குப் பரிந்துரைக்கும் அதிகாரத்தை எஃப்.ஏ.ஏ. கொடுத்திருக்கிறது. இந்தச் சுயதேர்வு அதிகாரம் எந்தெந்தச் சான்றிதழுக்கு இருக்கிறது என்பது, எந்தக் கல்லூரியை எடைபோடும்போதும் கேட்க வேண்டிய முதல் இரண்டு கேள்விகளில் ஒன்று. மற்றது, படிப்பு முடித்தவர்களை அந்தக் கல்லூரியே இன்ஸ்ட்ரக்டராக வேலைக்கு எடுக்கிறதா என்பது. 2024-இல் ஏர்லைன் ஆள் சேர்ப்பு மந்தமானபோது இன்ஸ்ட்ரக்டர் வேலைக்கே போட்டி வந்துவிட்டது. 1,000 மணிச் சலுகை கையில் இருந்தும், மீதி 800 மணியைச் சேர்க்க இடமில்லாமல் நிற்பவர்கள் இருக்கிறார்கள்.

இடங்களுக்கு வருவோம். தனியார் கல்லூரியான எம்ப்ரி ரிடிலின் பெயருக்கு மதிப்பு உண்டு. அங்கே வருடக் கல்லூரிக் கட்டணமே 40,000 டாலருக்கு மேல், பறப்பது தனி. 1,000 மணிச் சலுகையை அங்கீகாரம் பெற்ற மாநிலப் பல்கலைக்கழகமும் அதே அளவுதான் தருகிறது. பெரிய உதவித்தொகை கிடைக்காமல் அங்கே போக நாங்கள் சொல்ல மாட்டோம். நார்த் டகோட்டா பல்கலைக்கழகத்தின் ஏவியேஷன் துறை 1968-இல் தொடங்கியது. நூறுக்கு மேற்பட்ட விமானங்கள், கச்சிதமான அமைப்பு. குளிர்காலத்தில் ரத்தாகும் பாடங்களை எப்படி ஈடுகட்டுகிறார்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும். கான்சஸ் ஸ்டேட்டின் சலைனா வளாகம் பழைய விமானப்படைத் தளத்தில் இருக்கிறது. ரன்வே 12,300 அடி. ஸ்டீவ் ஃபாசெட் 2005-இல் எங்கும் இறங்காமல் தனியாக உலகைச் சுற்றிவரப் புறப்பட்டதும் திரும்பி இறங்கியதும் அங்கேதான். மிசிசிப்பியின் கிளீவ்லேண்ட் என்ற சிற்றூரில் உள்ள டெல்டா ஸ்டேட், வெளிமாநில மாணவர்களிடம் கூடுதல் கல்லூரிக் கட்டணம் வாங்குவதில்லை. பெரிய பெயர் இல்லாவிட்டாலும், சொந்த மாநிலத்தில் நல்ல திட்டம் இல்லாதவர்கள் முதலில் விசாரிக்க வேண்டியவற்றில் அது ஒன்று.

வெளிமாநிலம் என்றதும் பின்வாங்க வேண்டாம். மேற்கு மாநிலங்களின் டபிள்யூ.யு.இ. ஒப்பந்தத்தில் சேர்ந்த கல்லூரிகளில் உள்மாநிலக் கட்டணத்தின் ஒன்றரை மடங்குக்கு மேல் வாங்கக் கூடாது. மத்திய மேற்கில் எம்.எஸ்.இ.பி. என்ற ஒப்பந்தம் அதே மாதிரி. தெற்கில் அகாடமிக் காமன் மார்க்கெட் என்று ஒன்று: உங்கள் மாநிலத்தில் இல்லாத படிப்பைப் பக்கத்து மாநிலத்தில் உள்மாநிலக் கட்டணத்தில் படிக்கலாம். ஏவியேஷன் அதில் சேருமா என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும்.

கடன் கணக்கையும் முன்கூட்டியே போடுங்கள். பெற்றோரைச் சார்ந்த இளநிலை மாணவருக்கு அரசுக் கடன் முதல் வருடம் 5,500 டாலர், மொத்தம் 31,000 டாலர். 2026 ஜூலை 1 முதல் புதிதாக வாங்குவோருக்குப் பெற்றோர் பெயரில் எடுக்கும் பிளஸ் கடனும் ஒரு பிள்ளைக்கு வருடம் 20,000, மொத்தம் 65,000 என்று கட்டுப்படுகிறது. கமர்ஷியல் கட்டத்துக்கு வரும்போது பணம் தீர்ந்து நின்றுபோவது இந்தப் படிப்பில் அடிக்கடி நடக்கும் துயரம். அந்த நிலையில் கையில் இருப்பது பிரைவேட் லைசென்ஸும் கடனும் மட்டும்.

மருத்துவச் சான்றிதழ் இல்லாமல் ஒரு டாலரும் கட்டாதீர்கள். ஏர்லைனுக்கு முதல் வகுப்புச் சான்றிதழ் வேண்டும். நிறப்பார்வைக் குறைபாடு, கவனக்குறைவுக் கோளாறுக்கு (ஏ.டி.எச்.டி.) எடுத்த மருந்து, மனச்சோர்வு மருந்து, வலிப்பு வரலாறு இவற்றில் ஏதாவது இருந்தால் எஃப்.ஏ.ஏ. படிவத்தை நிரப்பி அனுப்பும் முன்பே, ஏவியேஷன் மருத்துவரிடம் வெறும் ஆலோசனைக்கு என்று நேரம் கேளுங்கள். படிவம் போய்ச் சேர்ந்து மறுப்பு பதிவாகிவிட்டால், அதைத் திருத்த மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் ஆகிறது. மறைப்பது அதைவிட மோசம். பின்னால் தெரிந்தால் லைசென்ஸே போகும்.

பெற்றோரின் எச்-1பி வேலை விசாவை ஒட்டிய எச்-4 விசாவில் வளரும் நம் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு வேறு. பல மாநிலங்களில் உள்மாநிலக் கட்டணம் கிடைக்கும், அரசுக் கடன் கிடைக்காது. சம்பளத்துக்கு இன்ஸ்ட்ரக்டராக வேலை பார்க்க முடியாது. 21 வயதில் எச்-4-ம் முடிந்துவிடும். கிரீன் கார்டு உட்பட, குடிமகன் அல்லாத எல்லோரும் பயிற்சி தொடங்கும் முன் டி.எஸ்.ஏ. என்ற போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பின் சோதனையும் முடிக்க வேண்டும். இந்தியாவிலிருந்து எஃப்-1 மாணவர் விசாவில் வர நினைப்பவர்களுக்கு நேராகவே சொல்கிறோம்: படிப்புக்குப் பின் வேலை பார்க்க அனுமதிக்கும் ஓ.பி.டி. பொதுவாக 12 மாதம், அமெரிக்க ஏர்லைன்கள் விசா எடுத்துத் தருவது மிக அரிது. திரும்பி வந்து இந்தியாவில் பறப்பதுதான் திட்டம் என்றால் அங்குள்ள விமானப் போக்குவரத்து அமைப்பான டி.ஜி.சி.ஏ. பட்டம் கேட்பதில்லை, இயற்பியல், கணிதத்தோடு பிளஸ் டூ, 200 மணி நேரம், டி.ஜி.சி.ஏ.வின் மருத்துவம், தேர்வுகள் போதும். அதற்காக நான்கு வருட அமெரிக்கக் கல்லூரிக் கட்டணம் கட்டுவது வீண்.

பட்டமே வேண்டாம், விரைவுப் பள்ளி போதும் என்ற வாதத்திலும் நியாயம் உண்டு. டெல்டா ஏர்லைன்ஸ் 2022 ஜனவரியில் நான்கு வருடப் பட்டம் கட்டாயம் என்ற விதியைக் கைவிட்டது. ஆனால் ரெஸ்ட்ரிக்டட் ஏ.டி.பி.க்கு வயது 21 ஆக வேண்டும். 18 வயதில் தொடங்கும் பிள்ளை எவ்வளவு வேகமாகப் பறந்தாலும் அதற்கு முன் ஏர்லைன் இருக்கையில் உட்கார முடியாது. அந்த மூன்று வருடத்தில் பட்டம் படிப்பது பெரிய நேர இழப்பு ஆகாது. 25, 30 வயதில் வேறு வேலையிலிருந்து வருபவருக்கோ, ஏற்கெனவே ஒரு பட்டம் உள்ளவருக்கோ இரண்டாவது பட்டம் தேவையே இல்லை. பட்டம் படிப்பவர்கள் கணக்கியலோ கணினியோ துணைப் பாடமாக எடுத்துக்கொள்வது நல்லது. மருத்துவச் சான்றிதழ் எந்த வயதிலும் கைவிட்டுப்போகலாம்.

கல்லூரியைப் பார்க்கப் போவது என்றால் அவர்கள் விருந்தாளிகளுக்கு ஒதுக்கும் சனிக்கிழமை வேண்டாம். வானம் தெளிவாக இருக்கும் வேலைநாளில், காலை பத்து மணிக்குப் போங்கள். ராம்ப்பில் (விமானங்களை நிறுத்தும் தளம்) நிற்கும் விமானங்களை எண்ணுங்கள். நல்ல வானிலையில் பாதி விமானங்கள் தரையில் நின்றால், மெக்கானிக் போதவில்லையா இன்ஸ்ட்ரக்டர் போதவில்லையா என்று கேளுங்கள். விமானங்களை ஒதுக்கி அனுப்பும் டிஸ்பாட்ச் அறையில் இன்ஸ்ட்ரக்டர் ஒருவரிடம் அவருக்கு எத்தனை மாணவர்கள் என்று கேளுங்கள். ஆறேழு பேர் என்றால் சமாளிக்கலாம், பன்னிரண்டு என்றால் உங்கள் பிள்ளைக்கு வாரம் ஒரு பாடம் கிடைப்பதே கஷ்டம். சேர்க்கைக் கடிதத்தில் ‘ஏவியேஷன் துறையில் இடம்’ என்று இருப்பதும் ‘இந்தச் செமஸ்டரில் பறக்கும் இடம்’ என்று இருப்பதும் ஒன்றல்ல. இரண்டாவது வாசகம் கடிதத்தில் இல்லையென்றால், முதல் பாடம் எந்த மாதம் என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு பிறகு முன்பணம் கட்டுங்கள்.