வீவக மறுவிற்பனை வீடா, கொண்டோவா? சிங்கப்பூர் நிரந்தரவாசி ஒருவரின் கணக்கு

சிங்கப்பூரில் நிரந்தரவாசத் தகுதி கிடைத்து மூன்று ஆண்டுகள் நிறைந்த மாதமே நானும் என் மனைவியும் வீடு பார்க்கக் கிளம்பினோம். அந்த மூன்று ஆண்டு நாங்களாக வைத்துக்கொண்ட கெடு அன்று. வீட்டில் குடியுரிமை பெற்றவர் ஒருவரும் இல்லாமல் எல்லோரும் நிரந்தரவாசிகளாகவே இருந்தால், அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) கட்டிய, ஏற்கெனவே ஒருவர் வாங்கிய வீட்டை மறுவிற்பனையில் வாங்குவதற்கு அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும் என்பது 2013 ஆகஸ்ட் முதல் நடப்பில் உள்ள விதி. கொண்டோமினியம் (கொண்டோ) எனப்படும் தனியார் அடுக்குமாடி வீட்டை வாங்குவோருக்கு இந்தக் காத்திருப்பு கிடையாது; பணமும் கடன் தகுதியும் இருந்தால் மறுநாளே கையெழுத்திடலாம். ஏழு மாதங்கள் இரண்டு வகையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, 2024 தொடக்கத்தில் ஈசூனில் ஒரு நான்கறை வீவக வீட்டின் சாவியை வாங்கினோம். (இங்கே வரவேற்பறையையும் ஓர் அறையாக எண்ணுவார்கள், நான்கறை வீடு என்றால் படுக்கையறை மூன்றுதான்.) ஆகவே இந்த ஒப்பீட்டில் நான் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

நீச்சல் குளம், உடற்பயிற்சிக் கூடம், வாசலில் காவலர் என்று கொண்டோவின் வசதிகளை விரித்துச் சொல்லத் தேவையில்லை. வீவக வீட்டின் கீழே காப்பிக்கடையும் அடுத்த தெருவில் ஈரச்சந்தையும் இருப்பதும் எல்லோரும் அறிந்ததுதான். விலையை மட்டும் ஒரு முறை பார்த்துவிடுவோம். 6 லட்சம் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) விலையுள்ள மறுவிற்பனை வீட்டுக்கு வாங்குவோர் முத்திரைத் தீர்வை 12,600 வெள்ளி. நிரந்தரவாசி தம் முதல் வீட்டுக்குச் செலுத்த வேண்டிய 5 விழுக்காட்டுக் கூடுதல் தீர்வை 30,000 வெள்ளி. 15 லட்சம் வெள்ளி விலையுள்ள கொண்டோவுக்கு இவை முறையே 44,600, 75,000 வெள்ளி. தீர்வையில் மட்டுமே 77,000 வெள்ளி வித்தியாசம் வருகிறது. நிரந்தரவாசிகளுக்கு வீவகவின் சொந்தக் கடன் கிடைக்காது என்பதால் இரண்டுக்குமே வங்கிக்குத்தான் போக வேண்டும். விலையில் கால் பங்கை நாம் போட வேண்டும். அதிலும் விலையின் 5 விழுக்காடு கண்டிப்பாக ரொக்கம், மீதியை ஊழியர்களின் கட்டாயச் சேமிப்பான மத்திய சேம நிதியிலிருந்து எடுக்கலாம். மாதாந்தரச் செலவு என்று பார்த்தால், நகர மன்றத்துக்கு நான் கட்டும் பராமரிப்புக் கட்டணம் இதுவரை நூறு வெள்ளியை எட்டியதில்லை. நாங்கள் பார்த்த கொண்டோக்களில் அது மாதம் 300 வெள்ளிக்குக் குறைந்து இருந்ததில்லை.

இந்த அளவில் நிறுத்தினால் வீவக வீடு மலிவு, கொண்டோ வசதி என்று முடிந்துவிடும். ஆனால் பிறநாட்டிலிருந்து வந்து வீடு வாங்குகிற நிரந்தரவாசி அதற்குமுன் தம் ஊரைத் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது. நிரந்தரவாசிக் குடும்பம் வீவக வீட்டை வாங்கினால், வேறு எந்த நாட்டில் தன் பெயரில் குடியிருப்பு வீடு இருந்தாலும் அதை ஆறு மாதங்களுக்குள் கைமாற்றிவிட வேண்டும். மன்னார்குடியில் அப்பா கட்டிய ஓட்டு வீடு அவர் காலத்துக்குப் பின் என் பெயருக்கு வந்திருந்தது. அதை அம்மா பெயருக்குத் தான செட்டில்மென்ட் எழுதிக் கொடுக்க விடுப்பு எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். சார்பதிவாளர் அலுவலகத்தில் அம்மாவின் கட்டைவிரல் ரேகை தேய்ந்துபோயிருந்ததால் கருவி ஏற்க மறுத்தது. ஈரத்துணியில் விரலைத் துடைத்துத் துடைத்து நான்காம் முறை வைத்த பிறகே பச்சை விளக்கு எரிந்தது. "அங்க ஒரு வீடு வாங்குறதுக்கு இங்க உள்ளத விடணும்னா, அது என்ன ஊர் தம்பி?" என்று வெளியே வந்ததும் கேட்டார். நில அளவில் சென்னை மாநகராட்சியைப்போல் இரண்டு மடங்குகூட இல்லாத நாடு தன் பொது வீடமைப்பை, அதில் குடியிருக்கப் போகிறவர்களுக்கு மட்டுமே கொடுக்க விரும்புகிறது என்று நான் சொன்ன விளக்கம் அவரிடம் எடுபடவில்லை. கொண்டோ வாங்குவோருக்கு இந்த நிபந்தனை இல்லை. கூடுதல் தீர்வைக்கும் சிங்கப்பூருக்குள் உள்ள வீடுகளை மட்டுமே எண்ணுகிறார்கள். ஊர் வீட்டைத் தம் பெயரிலேயே வைத்திருக்க வேண்டிய கட்டாயம் உள்ளவர் இதற்கு மேல் ஒப்பிட்டுக்கொண்டிருக்கத் தேவையில்லை. கொண்டோவைப் பார்க்கப் போகலாம்.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது மறுவிற்பனைதான். என்றாவது ஒரு நாள் திரும்பிப் போகலாம் என்ற எண்ணம் உள்ள குடும்பத்துக்கு, இந்த வீட்டை எவ்வளவுக்கு வாங்குகிறோம் என்பதைவிட, நாளை இதை நம்மிடமிருந்து வாங்க யாருக்கு அனுமதி உண்டு என்பதே பெரிய கேள்வி. கொண்டோவில் அந்தக் கேள்விக்கு விடை எளிது: எவரும் வாங்கலாம். வெளிநாட்டினர்கூட வாங்கலாம், 2023 ஏப்ரல் 27 முதல் அவர்களுக்குக் கூடுதல் தீர்வை 60 விழுக்காடு என்பதால் பெரும்பாலோர் வருவதில்லை. வீவக வீட்டில் விடை புளோக்குக்குப் புளோக், அதாவது அடுக்குமாடிக் கட்டடத்துக்குக் கட்டடம், மாறும்.

1989 மார்ச்சில் தொடங்கிய இன ஒருங்கிணைப்புக் கொள்கையின்படி, ஒவ்வொரு புளோக்கிலும் ஒவ்வொரு வட்டாரத்திலும் ஓர் இனத்தவர் எத்தனை விழுக்காடு வரை இருக்கலாம் என்பதற்கு உச்சவரம்பு உண்டு. புளோக் அளவில் சீனர்களுக்கு 87, மலாய்க்காரர்களுக்கு 25, இந்தியர்களும் ஏனையோரும் சேர்ந்து 15 விழுக்காடு. இந்தியர் வரம்பு முன்பு 13 ஆக இருந்து 2010 மார்ச்சில் உயர்த்தப்பட்டது. அதே நாளில் மலேசியர் அல்லாத நிரந்தரவாசிகளுக்கென்று இன்னொரு வரம்பும் வந்தது: புளோக்கில் 8 விழுக்காடு, வட்டாரத்தில் 5 விழுக்காடு. தமிழகத்திலிருந்து வந்த நிரந்தரவாசி இந்த இரண்டு வடிகட்டிகளிலும் இறங்கித்தான் வெளியே வர வேண்டும்.

இது எப்படி இயங்குகிறது என்பதைப் பலரும், சில முகவர்களும்கூட, தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். இந்தியர் வரம்பு நிறைந்த புளோக்கில் இந்தியர் ஒருவர் வீடு வாங்க முடியாது என்பது பாதி உண்மை. இந்தியரிடமிருந்து வாங்கலாம், ஏனென்றால் எண்ணிக்கை கூடாது. அந்த புளோக்கில் விற்க விரும்பும் இந்தியருக்கோ இதனால் ஒரு தடையும் இல்லை. அவருக்கு உண்மையான இடர் சீனர் வரம்பு நிறைந்த புளோக்கில்தான் இருக்கிறது. அங்கே அவர் சீனருக்கு விற்றால் சீனர் எண்ணிக்கை கூடிவிடும் என்பதால் அந்த விற்பனைக்கு அனுமதி இல்லை. மக்கள்தொகையில் நான்கில் ஏறத்தாழ மூன்று பங்கு சீனர்கள் என்னும்போது, சந்தையின் பெரும்பகுதி ஒரே வரியில் மூடிவிடுகிறது. அதே மாடியில் அடுத்த வீட்டுச் சீனர் அதே அளவு வீட்டை எவருக்கும் விற்க, நாம் மலாய்க்காரரையும் இந்தியரையும் மட்டும் எதிர்பார்த்து விலையைக் குறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். இப்படி மாட்டிக்கொண்டு, வெகுநாள் முயன்றும் விற்க முடியாதவர்களிடமிருந்து கழகமே வீட்டைத் திரும்ப வாங்கும் ஏற்பாடு 2022இல் அறிவிக்கப்பட்டது. அது விதிவிலக்கான நேர்வுகளுக்கான வழி. அதை நம்பி வீடு வாங்க முடியாது.

இதை நான் முன்பே அறிந்திருந்தேன் என்று சொன்னால் பொய். வடகிழக்கில் நாங்கள் முதலில் மனம் பறிகொடுத்த வீடு பதினான்காம் மாடியில், சமையலறைச் சன்னலிலிருந்து நீர்த்தேக்கம் தெரியும்படி இருந்தது. பார்த்த அன்றே ஒப்பந்த உரிமைக்கு 1,000 வெள்ளி கொடுக்க நான் தயாராக இருந்தேன். எங்கள் முகவரான பெண்மணி மின்தூக்கிக்குக் காத்திருந்த நேரத்தில் கைப்பேசியில் வீவக இணையச் சேவையைத் திறந்து, "அண்ணா, வாங்குறவரா போட்டா சரின்னு வருது. இப்ப உங்களையே விக்கிறவரா நெனச்சுப் போட்டுப் பாக்குறேன்" என்று சொல்லி, விற்பவர் இந்தியர் என்று நிரப்பிக் காட்டினார். மலாய், இந்தியர் மற்றும் ஏனையோர் என்ற இரண்டு பிரிவுகள் மட்டுமே திரையில் வந்தன. அந்த வீட்டை அன்றைக்கே விட்டுவிட்டோம். இந்த ஒரு சோதனையைச் சொல்வதற்காகத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்: வாங்குவதற்கு முன்பே விற்பவராக நின்று பாருங்கள். அந்தப் பட்டியல் மாதந்தோறும் 1ஆம் தேதி புதுப்பிக்கப்படுகிறது. ஒரு மாத நிலவரம் தற்செயலாக இருக்கக்கூடும். நாங்கள் விருப்பப் பட்டியலில் வைத்திருந்த ஐந்து புளோக்குகளையும் நான்கு மாதங்கள் தொடர்ந்து குறித்துவைத்தோம்.

கடைசியில் வாங்கிய ஈசூன் வீடு இந்தியர் வரம்பு நிறைந்த, ஆனால் சீனர் வரம்புக்கு இன்னும் இடமிருந்த புளோக்கில் இருக்கிறது. விற்றவர் தமிழர். இந்தியர் ஒருவர் இன்னோர் இந்தியரிடம் மட்டுமே அங்கே வாங்க முடியும் என்பது அவருக்குத் தெரியும். ஆகவே மதிப்பீட்டுக்கு மேல் 18,000 வெள்ளி கேட்டார். மதிப்பீட்டுக்கு மேற்பட்ட தொகைக்கு வங்கிக் கடனும் கிடையாது, சேம நிதியையும் தொட முடியாது, முழுவதும் ரொக்கம். முதலில் மனம் கசந்தது. பிறகு யோசித்தபோது, அந்தத் தொகைக்கு நாங்கள் வாங்கியது அவர் நின்றிருந்த இடத்தைத்தான் என்று தோன்றியது: நாளை நாங்கள் விற்கும்போது எல்லா இனத்தவருக்கும் விற்கலாம், அங்கே குடிவர விரும்பும் இந்தியருக்கோ எங்களைப் போன்ற சிலரை விட்டால் வேறு வழி இல்லை. குடும்பங்கள் வந்து போக இந்த நிலை மாறக்கூடும் என்பதால் இதை உறுதியான லாபம் என்று நான் எழுதமாட்டேன்.

யார் வாங்கலாம் என்பதற்கு இன்னொரு முகம் குத்தகைக் காலம். வீவக வீடுகள் எல்லாமே 99 ஆண்டுக் குத்தகை. பெரும்பாலான கொண்டோக்களும் அப்படியே. குத்தகை முடிந்தால் நிலம் அரசுக்குப் போகும். கேலாங் லோரோங் 3இல் 191 தரை வீடுகள் 2020 டிசம்பர் 31 அன்று அப்படித்தான் இழப்பீடு இன்றி அரசிடம் திரும்பின. ஆனால் குத்தகை முடிவதற்கு வெகு முன்பே அது விலையில் தெரியத் தொடங்கும். வாங்குவோரில் இளையவர் 95 வயதை எட்டும் வரை குத்தகை மிஞ்சியிருந்தால்தான் சேம நிதியை முழு வரம்புக்குப் பயன்படுத்தலாம். இல்லையேல் விகிதப்படி குறையும். எங்கள் வீட்டின் குத்தகை 1998இல் தொடங்கியது. 2039இல் நாங்கள் விற்றால் 58 ஆண்டுகள் மிஞ்சியிருக்கும். அன்று 40 வயதில் வருபவருக்கு 55 ஆண்டுகள் போதும். 30 வயதில் வரும் இளம் தம்பதிக்கு 65 ஆண்டுகள் வேண்டும், அவர்களுக்குப் பற்றாது. இதே விலையில் 1980களில் கட்டிய, இன்னும் பெரிய ஐந்தறை வீடுகள் கிடைத்தும் நாங்கள் ஒதுங்கியது இந்தக் கழித்தல் கணக்கால்தான். காலவரையற்ற உரிமை உள்ள கொண்டோவுக்கு இந்தக் கவலை இல்லை, ஆனால் அதன் விலை எங்கள் கைக்கு எட்டாதது.

கொண்டோவின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். அங்கே நான் வாடகைக்கு இருந்தது இரண்டு ஆண்டுகள் மட்டுமே. உரிமையாளர் கூட்டத்தில் உட்கார்ந்ததில்லை, மின்தூக்கி மாற்றச் சிறப்பு நிதி கட்டியதில்லை. ஆகவே அதன் நீண்டகாலப் பராமரிப்பைப் பற்றி நான் சொல்வதைக் குறைந்த எடையோடு எடுத்துக்கொள்ளுங்கள். தெளிவாகச் சொல்லக்கூடியது வாடகை விஷயம். நிரந்தரவாசி தம் வீவக வீட்டின் அறைகளை வாடகைக்கு விடலாம், முழு வீட்டையும் விட முடியாது. ஐந்து ஆண்டு குறைந்தபட்ச வசிப்புக் காலம் முடிந்த பிறகும் அந்த உரிமை குடிமக்களுக்கே உண்டு. கொண்டோ உரிமையாளர் ஊருக்குத் திரும்பிவிட்டு, வீட்டை வாடகைக்கு விட்டுக்கொண்டே காலம் தள்ளலாம். அந்த வாடகை வருமானத்துக்குச் சிங்கப்பூரில் வசிக்காதவர் செலுத்த வேண்டிய வரி 24 விழுக்காடு என்பதையும், உரிமையாளர் குடியிராத வீட்டின் சொத்து வரி ஆண்டு மதிப்பில் (ஓராண்டில் கிடைக்கக்கூடிய வாடகையின் மதிப்பீட்டில்) 12 விழுக்காட்டில் தொடங்கி 36 வரை ஏறும் என்பதையும் கழித்துத்தான் மிச்சத்தைப் பார்க்க வேண்டும். அவசரமாக விற்க நேர்ந்தால் கொண்டோவுக்கு இன்னொரு அடி உண்டு: 2025 ஜூலை 4 அன்றோ அதன் பின்னரோ வாங்கியதை முதல் ஆண்டிலேயே விற்றால் விற்பவர் தீர்வை 16 விழுக்காடு, அது ஆண்டுக்கு நான்கு விழுக்காடு வீதம் குறைந்து நான்கு ஆண்டுகள் கழிந்த பிறகே நீங்கும்.

பக்கத்து மலேசியாவின் ஜோகூர் பாருவில் வாங்கிவிட்டு எல்லை கடந்து வேலைக்கு வரலாமே என்று கேட்கும் நண்பர்களும் உண்டு. பாலத்து நெரிசலில் தினமும் போய்வரும் எண்ணமே இல்லாததால் நாங்கள் அதை ஆழமாக ஆராயவில்லை. ஐந்து ஆண்டுகளுக்குள் விற்றால் வெளிநாட்டினரின் லாபத்தில் 30 விழுக்காட்டை மலேசியா வரியாக எடுத்துக்கொள்ளும் என்று அறிந்ததோடு நின்றுவிட்டோம்.

எங்களைவிட வருமானம் கூடுதலாகவும் ஊர் வீட்டைக் கைவிட மனமில்லாமலும் உள்ள அலுவலக நண்பர் ஒருவர் அதே ஆண்டில் கொண்டோ வாங்கினார்; அவர் நிலையில் நானும் அதையே செய்திருப்பேன். எங்கள் ஐந்து ஆண்டு வசிப்புக் காலம் 2029 தொடக்கத்தில் முடிகிறது. அதுவரை விற்கும் பேச்சுக்கு இடமில்லை என்றாலும், மாதம் பிறந்தால் 1ஆம் தேதி காலை காப்பியோடு உட்கார்ந்து எங்கள் புளோக்கின் எண்ணை அந்தச் சேவையில் தட்டிப் பார்க்கும் பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை.