பெரிய லூர்களுக்கு வீட்டில் செய்யும் பெட்டி: பலகையா, பிளாஸ்டிக்கா, வாளியா?

தலவாக்கலையில் மே மாதம் பிறந்துவிட்டால் துவைத்த சட்டை காய மூன்று நாள் ஆகும். தென்மேல் பருவக்காற்று இங்கே மழையைக் கொட்டும் அதே மாதங்களில்தான் கிழக்குக் கரையில் கடல் அடங்கிக் கிடக்கிறது. மட்டக்களப்புப் பக்கம் பாரைக்கும் கொடுவாவுக்கும் தூண்டில் போட இறங்குகிறவர்களுக்கு அதுவே காலம். ஆகவே மலையகத்திலிருந்து போகிறவரின் லூர் பெட்டி, அதாவது மீனை ஏமாற்றும் செயற்கை இரைகளை வைக்கும் பெட்டி, வீட்டில் மூடுபனியின் ஈரத்தையும் கரையில் உப்புக் காற்றையும் மாறி மாறித் தாங்க வேண்டியிருக்கிறது. இந்த ஒன்றை மனதில் வைத்துத்தான் மூன்று வகைப் பெட்டிகளையும் எடைபோடுகிறேன். மூன்றையும் செய்து, மூன்றோடும் பயணம் போய் வந்திருக்கிறேன்.

நுவரெலியா ஓடைகளில் ட்ரவுட் பிடிக்கிறவருக்கு இந்தக் கவலை இல்லை. அவருடைய ஸ்பூன் எனும் உலோக லூர்கள் விரல் நீளம். சட்டைப்பையில் அடங்கும் டப்பா போதும். பாரைக்கு எறியும் பொப்பர், நீரின் மேல் சத்தமிட்டு வரும் பருத்த லூர், அப்படியல்ல. நீளம் 15 முதல் 20 சென்ரிமீற்றர், எடை 100 முதல் 150 கிராம், வயிற்றிலும் வாலிலும் மூன்று முனைத் தூண்டில் முள் ஒவ்வொன்று. கடையில் விற்கும் அறை பிரித்த தட்டுகளில் இது குறுக்கே படுக்காது. இரண்டை ஓர் அறையில் திணித்தால் ஒன்றின் முள் மற்றதன் வளையத்தில் கோத்துக்கொள்ளும். மீன் மேலே குதிக்கும் நேரத்தில் அந்தச் சிக்கலைப் பிரித்துக்கொண்டு நிற்பதைப் போன்ற வேதனை வேறில்லை. வீட்டிலேயே பெட்டி செய்ய நான் உட்கார்ந்ததற்குக் காரணம் அதுதான்.

முதலில் பலகைப் பெட்டி. தேயிலைத் தொழிற்சாலையில் தச்சு வேலை பார்த்து ஓய்வுபெற்ற என் மாமா, தேயிலை ஏற்றிய பழைய பெட்டி ஒன்றின் பலகைகளைக் கட்டி வைத்திருந்தார். விளிம்பில் தகரப் பட்டை, உள்ளே ஈயத்தாள் ஒட்டிய அந்தப் பெட்டிகள் இப்போது அரிது. தேயிலை பெரும்பாலும் கடதாசிச் சாக்குகளில்தான் போகிறது. அதையே வெட்டலாம் என்று ஆசைப்பட்டேன். மாமா பலகையை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, "மருமகனே, இது தேயிலையைத் தாங்கும், திருகாணியைத் தாங்காது" என்றார். ஆகவே 9 மில்லிமீற்றர் ஒட்டுப்பலகை வாங்கி, 60 சென்ரிமீற்றர் நீளம், 30 அகலம், 30 உயரத்தில் அடித்தோம். பித்தளைக் கீல், பித்தளைக் கொண்டி. மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே, ஏழு சென்ரிமீற்றருக்கு ஒன்றாகக் குறுக்குச் சட்டங்கள். லூரின் வால் முள்ளைச் சட்டத்தில் மாட்டினால் அது தலைகீழாகத் தொங்கும்.

இந்த அமைப்பின் அழகை நேரில் பார்க்க வேண்டும். மூடியைத் திறந்தால் எல்லா லூரும் வரிசையாகத் தெரியும். வேண்டியதை ஒரே கையால் எடுக்கலாம். ஒன்றையொன்று உரசாததால் பூச்சு உரியாது. சுற்றிலும் காற்றுப் படுகிறது. ஆனால் வெறும் பெட்டியே ஐந்து கிலோவுக்குக் கிட்ட வரும். அதைவிடப் பெரிய குறை, ஒட்டுப்பலகையின் வெட்டு விளிம்பு. வார்னிஷ் மூன்று தடவை பூசியும், அடுத்த மழைக்காலத்தில் மூடியின் ஒரு மூலை ஏடு ஏடாகப் பிரிந்து எழும்பியது. இப்போது அந்த மூலையைக் கையால் அழுத்தினால்தான் கொண்டி விழுகிறது.

அடுத்தது மூடியில் ரப்பர் வளையமும் இருபுறமும் பூட்டும் கொண்ட பிளாஸ்டிக் பெட்டி. விளம்பரப் பலகை அடிக்கும் நெளிவு பிளாஸ்டிக் தகட்டை வெட்டி, காடி போட்டு ஒன்றுக்குள் ஒன்று செருகினால் அறைகள் ஒரு மாலைப்பொழுதில் தயார். இலேசானது, மழைக்கு அசையாது. கடையில் பார்க்கிறபோது இதைவிடச் சிறந்ததே இல்லை என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

மட்டக்களப்புக் கல்லடியில் இரண்டு நாள் எறிந்துவிட்டுக் கடைசி மாலையில் அவசரமாகக் கழுவிய லூர்களை அதில் அடுக்கி மூடினேன். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் கழித்துத் திறந்தபோது துருவாடை முகத்தில் அடித்தது. வெள்ளை வயிற்றுப் பொப்பர் ஒன்றில், முள் சாய்ந்து கிடந்த இடத்தில், முள்ளின் வளைவு அப்படியே பழுப்புக் கோடாகப் பதிந்திருந்தது. அந்தப் பயணத்தில் தண்ணீரையே தொடாத லூர்களின் முட்களிலும் துரு. சரியாகக் கழுவாத ஒன்றிரண்டு போதும். மூடிய பெட்டிக்குள் அவற்றின் ஈரம் எல்லாவற்றுக்கும் பங்கிடப்படும்.

இதற்கான காரணம் எளியது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். எங்கள் மழைக்காலக் காற்று அந்த அளவைச் சாதாரணமாகத் தாண்டும். எனவே முள்ளில் உப்புப் படிவு இருக்கும்வரை துணியால் துடைத்தது கணக்கில் இல்லை. நல்ல தண்ணீரில் அலசிய பிறகுதான் உலர்த்துவதில் பொருள் உண்டு. ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலங்களைப் போட்டும் பார்த்தேன். திறந்து மூடும் பெட்டியில் அவை சீக்கிரமே நிறைந்துவிடுகின்றன.

பிளாஸ்டிக் பெட்டி செய்கிறவர்கள் கவனிக்க இன்னொன்று: அடியில் மெத்தையாக ரெஜிஃபோம் எனும் வெள்ளை நுரைத்தகட்டை வைத்து அதன்மேல் ரப்பர் போன்ற மென்மையான லூர்களைப் போடாதீர்கள். அவற்றை மென்மையாக்கும் எண்ணெய் கசிந்து ரெஜிஃபோமை உருக்கும். பக்கத்து லூரின் பூச்சையும் பிசுபிசுப்பாக்கும். அவை வந்த பைகளிலேயே இருக்கட்டும்.

மூன்றாவது, பார்வைக்கு எளிமையானது. 20 லீற்றர் பெயின்ற் வாளிக்குள் நிறுத்திய பீவீசீ குழாய்த் துண்டுகள். 63 மில்லிமீற்றர் குழாய் என் வாளியில் பதினொன்று அடங்கியது. சிறுமீன் வடிவில் ஒல்லியாக இருக்கும் மினோ வகை லூருக்கு அது போதும். பருத்த பொப்பருக்கும் அதன் பெரிய முட்களுக்கும் 90 மில்லிமீற்றர் வேண்டும். அது ஐந்துதான் அடங்கும். லூரை வாங்கும் முன் குழாயை வாங்காதீர்கள். இருக்கும் லூர்களை முள்ளோடு அளந்து, பிறகு இரண்டு அளவையும் கலந்து அடுக்குங்கள்.

வேலையில் நேரம் பிடிப்பது குழாயின் வாய். இரும்பறுக்கும் வாளால் அறுத்த விளிம்பு கத்திபோல இருக்கும். அதை உள்ளும் புறமும் அரத்தால் தேய்த்து, விரலை ஓட்டினால் வழுக்கும் வரை விட வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் பூச்சில் கீறல் விழும். வாயில் நகத்தளவு காடி ஒன்று வெட்டினால் வால் முள்ளின் ஒரு முனை அதில் உட்காரும், லூர் அடியில் மோதாமல் தொங்கும். துண்டுகளைக் கேபிள் டையால் ஒன்றாக இறுக்கி வாளிக்குள் இறக்குங்கள். வாளியின் அடியில் பென்சில் நுழையும் அளவில் எட்டுப் பத்துத் துளைகள். இந்தத் துளைகள்தான் இதன் உயிர். கரையிலேயே ஒரு குடம் நல்ல தண்ணீரை மேலிருந்து ஊற்றினால் எல்லா லூரும் ஒரே நேரத்தில் அலசப்பட்டு, உப்பும் அடியால் போய்விடும்.

பயணத்திலும் வாளியே முந்துகிறது. தலவாக்கலையிலிருந்து நுவரெலியா போய், அங்கிருந்து ஏ5 வீதியில் வெலிமடை, பதுளை, பசறை, பிபிலை, மகாஓயா வழியாகச் செங்கலடிக்கு இறங்க வேண்டும். பஸ் மாறும் ஒவ்வோர் இடத்திலும் பலகைப் பெட்டிக்கு இரண்டு கை வேண்டும். வாளிக்குக் கைப்பிடி உண்டு, காலுக்கிடையில் நிற்கும். மூடியைப் போட மறக்கக் கூடாது. நெரிசலில் திறந்த முள் பக்கத்திலிருப்பவரின் சேலையிலோ, குழந்தையின் கையிலோ மாட்டினால் எந்த மீனும் அதற்கு ஈடாகாது.

வாளியின் குறை, உள்ளே இருப்பது தெரியாது என்பதே. குழாய் வாயில் நிறப் பட்டை ஒட்டிச் சமாளிக்கிறேன். சொந்த வாகனத்தில் போகிறவர், நாற்பது லூர் வைத்திருப்பவர், பலகைப் பெட்டியையே செய்யட்டும். ஒட்டுப்பலகைக்குப் பதில் நல்ல மரப்பலகை போடட்டும். பஸ்ஸில் பத்துக்குள் லூரோடு போகிறவருக்கு வாளி. இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டியைக் கடல் லூருக்கு நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

என் பலகைப் பெட்டி இப்போது மாமா வீட்டு அடுப்படிச் சுவரில் இருக்கிறது. பிரிந்த மூடியைக் கழற்றிவிட்டு, அடிப்பலகையில் வரிசையாகத் துளை போட்டு மாட்டியிருக்கிறார். மட்டக்களப்பிலிருந்து வந்ததும் வாளியிலிருந்து எடுத்த லூர்கள் அங்கே ஒரு வாரம் தொங்குகின்றன.