டாஸ் பார்ட்டிஷனுக்குள் லினக்ஸ்: மூன்று வழிகளில் எது தாங்கும்?

மண்டபத்தில் சித்தப்பா நடத்தும் ஐஸ் கம்பெனியில் ஒரே ஒரு பழைய கணினி. எந்த விசைப்படகு எத்தனை பார் ஐஸ் ஏற்றியது, யாரிடம் எவ்வளவு பாக்கி, எல்லாம் அதில் டாஸ் என்ற பழைய இயங்குதளத்தில் ஓடும் புரோகிராமில்தான் இருக்கிறது. அதிலேயே லினக்ஸும் வேண்டும் என்றபோது அவர் சொன்னது இதுதான்: "என்ன வேணாலும் பண்ணு தம்பி, கணக்கு மட்டும் போயிரக் கூடாது."

கணக்கு இருக்கும் டிஸ்க்கைப் பிரித்துத் தனி பார்ட்டிஷன் போட எனக்கு மனம் வரவில்லை. டாஸின் கோப்பு முறைமையான ஃபேட்டில் இருக்கிற பார்ட்டிஷனுக்குள்ளேயே லினக்ஸை வைப்பது என்று முடிவு செய்து, முதலில் டிஸ்க்கின் நகல் ஒன்றில் சோதித்தேன். கடலோரத்தில் கரண்ட் சொல்லிக்கொண்டு போவதில்லை. அதனால் நான் பார்த்தது ஒன்றே: கரண்ட் போகும் நொடியில், எந்தக் கோப்பு டிஸ்க்கில் எங்கே இருக்கிறது என்று குறித்துவைக்கும் ஃபேட் அட்டவணையில் யார் எழுதிக்கொண்டிருப்பார்கள்?

முதலில் யூஎம்எஸ்டாஸ்: லினக்ஸின் கோப்புகளை ஃபேட்டிலேயே நேரடியாக வைக்கும் முறை. ஃபேட்டுக்குக் கோப்பின் உரிமையாளர், அனுமதிகள், சிம்பாலிக் லிங்க் (இன்னொரு கோப்பைச் சுட்டும் குறுக்குவழி) எதுவும் தெரியாது. இவை இல்லாமல் லினக்ஸ் வாழாது. ஜாக் ஜெலினாஸ் இதற்கு ஓர் அழகான வழி கண்டார். ஒவ்வொரு அடைவிலும் '--லினக்ஸ்-.---' என்று ஒரு கோப்பை வைத்து, இந்த விவரங்களையெல்லாம் அதில் எழுதிவிட்டார். ஸ்லாக்வேர் என்ற லினக்ஸ் வகையின் சிறிய பதிப்பான ஜிப்ஸ்லாக், 100 எம்பி ஜிப் டிஸ்க்கில் அடங்கியது இப்படித்தான். டாஸிலிருந்து லினக்ஸைத் தொடங்கும் லோட்லின் கட்டளை கொடுத்தால் போதும், லினக்ஸ் எழுந்துவிடும்.

ஆனால் லினக்ஸின் ஆயிரக்கணக்கான குட்டிக் கோப்புகளும் கணக்குக் கோப்புகளும் ஒரே அட்டவணையில் கலந்து கிடக்கும். 2 ஜிபி ஃபேட்16 பார்ட்டிஷனில் ஒரு கிளஸ்டர், அதாவது ஒரு கோப்புக்கு ஒதுக்கும் மிகச் சிறிய இடம், 32 கேபி. 200 பைட் கோப்பும் அத்தனை இடத்தைப் பிடித்துக்கொள்ளும். சோதனையின் இரண்டாம் நாளே கரண்ட் போனது. டிஸ்க்கைச் சோதிக்கும் ஸ்கேன்டிஸ்க்கை ஓட்டினால், எந்தக் கோப்புக்கும் சொந்தமில்லாத தொலைந்த கிளஸ்டர்கள் வரிசையாக வந்தன. அதோடு யூஎம்எஸ்டாஸ், லினக்ஸின் மையப் பகுதியான கர்னலின் 2.6.11 பதிப்பிலேயே நீக்கப்பட்டுவிட்டது. இன்று வேண்டுமென்றால் பழைய கர்னலோடுதான் வாழ வேண்டும்.

அடுத்தது லூப் இமேஜ்: ஒரே பெரிய கோப்பு, அதற்குள் லினக்ஸின் சொந்தக் கோப்பு முறைமையான எக்ஸ்ட் முழுதாக. கோப்பின் அளவு மாறாததால் ஃபேட் அட்டவணைக்கு வேலை மிகக் குறைவு. யூஎம்எஸ்டாஸை விட இது பல மடங்கு நிம்மதி. ஆனால் லினக்ஸ் ஓயாமல் அந்தக் கோப்புக்குள் எழுதிக்கொண்டே இருக்கும். கரண்ட் போனால் கணக்குக்கு ஆபத்து குறைவுதான், லினக்ஸ்தான் அடிபடும். ஃபேட்32-இல் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டவும் முடியாது.

நான் தேர்ந்தது மூன்றாவது: பப்பி என்ற சிறிய லினக்ஸின் ஃப்ரூகல் நிறுவல், அதாவது சில கோப்புகளை மட்டும் வைத்து ஓட்டும் முறை. கர்னல், தொடக்கத்துக்குத் தேவையான இனிட்ஆர்டி, லினக்ஸ் முழுவதையும் சுருக்கி வைத்த எஸ்எஃப்எஸ் கோப்பு, நம் மாற்றங்களுக்கு ஒரு சேவ் கோப்பு, அவ்வளவுதான். எஸ்எஃப்எஸ் வாசிக்க மட்டுமே, லினக்ஸ் அதில் எதையும் எழுதாது. சேவ் கோப்பு கெட்டால், நேற்றைய நகலை அதே பெயரில் போட்டால் சரி. ராமில் மட்டும் ஓடும்படி தொடங்கினால் டிஸ்க்கில் எழுதுவதே இல்லை. ராம் கொஞ்சம் தாராளமாக வேண்டும். உப்புக்காற்றில் பச்சை படிந்திருந்த ராம் கார்டின் கால்களைப் பென்சில் அழிப்பானால் தேய்த்த பிறகுதான் இங்கே முழு ராமும் தெரிந்தது.

இப்போது கணக்கு முடிந்ததும் சித்தப்பா டாஸில் ஒரு பேட்ச் கோப்பை ஓட்டுகிறார். அது டாஸிலிருந்து லினக்ஸைத் தொடங்கும் கிரப்4டாஸை அழைக்க, பப்பி எழுகிறது. போன வாரம் ஐஸ் ஏற்றும் நேரத்தில் கரண்ட் போனது. திரும்ப வந்ததும் அவர் முதலில் திறந்து பார்த்தது பாக்கிப் பட்டியலைத்தான். ஒரு வரிகூடக் குறையவில்லை.