அம்பாசடரில் எலெக்ட்ரிக் வாட்டர் பம்ப்: 5 வருடம், 38,000 கிலோமீட்டருக்குப் பிறகு

எங்கள் வீட்டு அம்பாசடர் 1984 மாடல், மார்க் 4, 1489 சிசி பெட்ரோல். அப்பா வாங்கிய வண்டி. கோயம்புத்தூரில் இருப்பதால் குன்னூர், ஊட்டி என்று மலையேறுவது அதற்குப் பழக்கம். ஆனால் மலையைவிட அவினாசி ரோடுதான் அதைப் படுத்தியெடுத்தது. மேம்பால வேலை தொடங்கிய சமயம், ஒரு சிக்னலைத் தாண்டக் கால் மணி நேரம் ஆகும். எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் சிவப்பைத் தொடும். ரேடியேட்டரைக் கழுவினேன், ஹோஸ் மாற்றினேன், புது மூடி போட்டேன். மூடியை லேசாக நினைக்க வேண்டாம். அது அழுத்தம் பிடிக்காவிட்டால், ஊட்டியின் 2,240 மீட்டர் உயரத்தில் வெறும் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். எல்லாம் செய்தும் டவுன் நெரிசலில் சூடு குறையவில்லை.

காரணம் அந்த எஞ்சினின் அமைப்பிலேயே இருக்கிறது. எஞ்சினைக் குளிர வைக்கும் தண்ணீரை ஓட விடும் வாட்டர் பம்பைச் சுற்றுவது, எஞ்சினோடு சுழலும் கிராங்கிலிருந்து வரும் ஃபேன் பெல்ட். ஃபேனும் அதே பம்ப் புல்லியில்தான் பூட்டியிருக்கிறது. வண்டி நின்று எஞ்சின் ஐட்லிங்கில் ஓடும்போது தண்ணீரும் மெதுவாக ஓடும், காற்றும் குறையும். இன்னொன்று, மலையேறி வந்து டீக்கடையில் சாவியைத் திருப்பினால் எல்லாமே நின்றுவிடும். இரும்பு பிளாக்கில் தேங்கிய சூடு அங்கேயே நிற்கும் தண்ணீரில் இறங்கி அதைக் கொதிக்க வைக்கும். ஓடும்போது கொதிக்காத வண்டி நிறுத்தியபின் ஆவி விடுவது இதனால்தான்.

பம்பை எஞ்சின் வேகத்திலிருந்து பிரித்துவிட்டால் இந்த இரண்டும் தீரும். இது புது யோசனை இல்லை. பிஎம்டபிள்யூ 2004இல் வந்த என்52 எஞ்சினிலேயே எலெக்ட்ரிக் பம்ப் வைத்தது. 2009இல் வந்த மூன்றாம் தலைமுறை டொயோட்டா பிரியஸிலும் பம்ப் எலெக்ட்ரிக்தான், எஞ்சினுக்கு வெளியே பெல்ட்டே கிடையாது.

நான் வாங்கியது ஆஸ்திரேலிய டேவிஸ் கிரெய்க்கின் 80 லிட்டர் பம்பும், சூட்டைப் பார்த்து அதை ஓட்டும் கன்ட்ரோலரும். நிமிடத்துக்கு 80 லிட்டர் தள்ளும், அதிகபட்சம் ஏழரை ஆம்பியர் இழுக்கும். எல்லாச் செலவும் சேர்த்து எனக்கு 42,000 ரூபாய் ஆனது. அதில் பாதிக்குக் கிட்டே பம்புக்கு வெளியே போனது. முதலில் டைனமோவைக் கழற்றி ஆல்டர்னேட்டர் போட வேண்டியிருந்தது. ஐட்லிங்கில் டைனமோ பேருக்குத்தான் சார்ஜ் கொடுக்கும். நெரிசலில் பம்பும் அதோடு வைத்த எலெக்ட்ரிக் ஃபேனும் சேர்ந்து பேட்டரியைக் காலி செய்துவிடும். டைனமோ வைத்த வண்டிக்காரர்கள் இந்தச் செலவை முதல் வரியில் எழுதிக்கொள்ளுங்கள்.

பழைய பம்ப் பாடியை அப்படியே எடுத்துவிடவும் முடியாது. பெல்ட் அதைச் சுற்றித்தான் போகிறது, கீழ் ஹோஸும் அதில்தான் வந்து சேர்கிறது. அதனால் இன்னொரு பழைய பம்ப் வாங்கி, உள்ளே தண்ணீர் தள்ளும் இம்பெல்லரை மட்டும் கழற்றி, ஷாஃப்டையும் பேரிங்கையும் வைத்துக்கொண்டோம். சூட்டுக்கு ஏற்பத் தண்ணீருக்கு வழி திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டையும் எடுத்தாயிற்று, அந்த வேலையைக் கன்ட்ரோலர் பார்த்துக்கொள்கிறது. எங்கள் மெக்கானிக் அண்ணன், "தண்ணி ஓடுதா இல்லையான்னு எப்படிங்க தம்பி தெரியும்?" என்று அன்றைக்கே கேட்டார். அப்போது அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பம்பைக் கீழ் ஹோஸில், முடிந்தவரை தாழ்வாக வைத்தோம். மேலே வைத்தால் காற்று அதில் தங்கிவிடும். காற்றை வெளியேற்றுவது முன்பைவிடச் சுலபமாகிவிட்டது: மூடியைத் திறந்து, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமலே பம்பை மட்டும் ஓட விட்டால் குமிழ் வருவது நிற்கும்வரை பார்த்துக்கொண்டே ஊற்றலாம்.

ஓட்டத்தில் மாற்றம் முதல் வாரத்திலேயே தெரிந்தது. கன்ட்ரோலரை 85 டிகிரிக்கு வைத்திருக்கிறேன். நெரிசலில் 88, 89 வரும், ஃபேன் போடும், இறங்கிவிடும். சித்திரை வெயிலிலும் இதேதான். வண்டியை நிறுத்தியபின் பம்பும் ஃபேனும் இரண்டு நிமிடம் வரை தனியாக ஓடிவிட்டு நிற்கும். பர்லியார் கடைகளில் நிறுத்தும்போது ஆவி வருவது அன்றோடு நின்றது. இந்த ஒன்றுக்காகவே நான் செலவழித்த பணம் எனக்குச் சரி. மைலேஜ் முன்பும் 10, இப்போதும் 10. பவர் கூடும் என்று விற்பவர்கள் சொல்வதை நம்பி வாங்க வேண்டாம். பம்புக்கான கரண்டை ஆல்டர்னேட்டர் அதே எஞ்சினிடமிருந்துதான் எடுக்கிறது.

இரண்டாம் வருடம் நடந்ததைக் கட்டாயம் சொல்ல வேண்டும். கல்லாறு தாண்டி மூன்றாவது, நான்காவது கொண்டை ஊசி வளைவில் கன்ட்ரோலர் 71 டிகிரி காட்டுகிறது, நல்லாயிருக்கிறது என்று ஓட்டுகிறேன். பக்கத்தில் இருந்த அம்மாதான் "அந்த முள்ளு ஏன் இப்படி நிக்குது?" என்றார். டேஷ்போர்டில் இருந்த பழைய மீட்டர் சிவப்பில். நிறுத்திப் பார்த்தால், மலிவான ஃபியூஸ் ஹோல்டர் ஒன்று உருகி பம்புக்குக் கரண்டே போகவில்லை. வாங்கிய நேரத்தில் அதற்கு நான் 40 ரூபாய் கொடுத்திருந்தேன்.

கன்ட்ரோலர் பொய் சொல்லவில்லை. அதன் சென்சார் மேல் ஹோஸில் இருக்கிறது. தண்ணீர் ஓடினால்தான் எஞ்சினின் சூடு அங்கே வந்து சேரும். ஓட்டம் நின்றால் எஞ்சினின் மேல்பகுதியான ஹெட் வெந்துகொண்டிருக்க, ஹோஸில் நிற்கும் தண்ணீர் ஆறிக்கொண்டே இருக்கும். பழைய மீட்டரின் சூட்டை உணரும் பல்பு ஹெட்டிலேயே செருகியிருந்ததால் தப்பித்தோம். புது மீட்டர் அழகாக இருக்கிறதென்று அதைக் கழற்றியிருந்தால் ஹெட் கேஸ்கட்டாவது போயிருக்கும்.

பழைய பம்ப் சாகும்முன் மாதக்கணக்கில் சொல்லும்: சொட்டும், பேரிங் கத்தும், புல்லி ஆடும். இது சத்தமே இல்லாமல் நிற்கும். அதனால் ஹெட்டில் 105 டிகிரியில் அலறும் பஸ்ஸர் ஒன்றும், பம்ப் வயரில் சின்ன ஆம்பியர் மீட்டரும் வைத்தேன். ஃபியூஸ், ரிலே எல்லாம் தடித்த வயரோடு புதிதாகப் போட்டாயிற்று. மெக்கானிக் அண்ணன் கேட்ட கேள்விக்குப் பதில் இப்போது டேஷ்போர்டிலேயே தெரிகிறது. இதையெல்லாம் முதல் நாளே செய்திருக்க வேண்டும். யாராவது மாற்றப் போகிறீர்கள் என்றால் பம்போடு சேர்த்தே வாங்குங்கள்.

பம்ப் இதுவரை ஒருமுறைகூடக் கோளாறு செய்யவில்லை. கனெக்டரில் ஒரு மழைக்காலத்தில் பச்சை பிடித்தது, சுத்தம் செய்து கிரீஸ் வைத்தேன். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கூலன்ட் மாற்றுகிறேன், டிஸ்டில்ட் வாட்டரும் கூலன்ட்டும் சரிபாதி. சிறுவாணித் தண்ணீரே போதும் என்று அப்பா இன்னும் சொல்வார்.

இம்பெல்லரோடு இருந்த எங்கள் பழைய பம்ப், தெர்மோஸ்டாட், ஒரு கேஸ்கட், இரண்டு ஸ்பேனர் எல்லாம் சாக்கில் கட்டி டிக்கியில் கிடக்கின்றன. வீட்டு வாசலில் ஒருமுறை மாற்றிப் பார்த்தேன், மூன்று மணி நேரம் ஆனது. வெளியூர் போகும்போது இறக்கி வைக்க இன்னும் மனம் வரவில்லை.