டைனோசர் முட்டை பன்னிரண்டு, விலை 749 ரூபாய்

மகள் சென்னையிலிருந்து ஆன்லைனில் ஆர்டர் போட, பெட்டி நேராக அரியலூரில் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தது. முழு ஆண்டு லீவுக்குப் பேத்தி எங்களிடம் வந்திருந்தாள். ஆறு வயது. "அப்பா, அவ செல்போனைக் கீழ வைக்க மாட்டேங்கிறா. இதை வச்சு ஒரு வாரம் ஓட்டுங்க" என்று மகள் சொன்னாள். பிரித்துப் பார்த்தால் பன்னிரண்டு டைனோசர் முட்டை. தோண்டி உள்ளே இருப்பதை எடுக்க வேண்டுமாம். முப்பத்தொரு வருஷம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் மைன்ஸ் மேட்டாக, அதாவது வேலையாட்களை மேற்பார்க்கிறவனாக இருந்து ரிட்டயர் ஆனவன் கையில் தோண்டுகிற விளையாட்டைக் கொடுத்துவிட்டார்கள். விமர்சனத்தை நான்கு வரியில் முடிக்கிற ஆள் நான் இல்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு முட்டையும் வாத்து முட்டை அளவு. மணல் நிறத்தில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். கூடவே பன்னிரண்டு பிளாஸ்டிக் உளி, பன்னிரண்டு குட்டி பிரஷ், பன்னிரண்டு விவர அட்டை. பெட்டியின் மூடியில் ஒரு க்யூஆர் கட்டம். ஸ்கேன் செய்தால் செல்போனில் ஒரு கேம் இறங்குகிறது. செல்போனிலிருந்து பிள்ளையைப் பிரிக்க வாங்கிய பெட்டிக்குள்ளேயே செல்போன் கேம். சரி, அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதல் முட்டையைப் பேப்பர் விரித்துத் திண்ணையில் வைத்தோம். மூன்றாவது குத்திலேயே உளி வளைந்துவிட்டது. காய்ந்த பிளாஸ்டரைப் பிளாஸ்டிக்கால் குத்தினால் வேறென்ன ஆகும்? அதோடு மாவு மாதிரி தூசி. சுரங்கத்தில் பாறையில் துளை போடும்போது தண்ணீர் விட்டுத்தான் போடுவோம். இல்லாவிட்டால் தூசி நெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்ளும். முட்டையைக் கிண்ணத் தண்ணீரில் ஐந்து நிமிஷம் போட்டு எடுத்தேன். மேல் தோல் இளகிக் கொடுத்தது. இந்த ஒரு வரியை அவர்கள் தாளில் அச்சடித்திருக்கலாம். கண்ணுக்குக் கண்ணாடியும் வைக்கவில்லை. பேத்திக்கு அவள் அம்மாவின் பழைய கூலிங் கிளாஸை ரப்பர் பேண்ட் போட்டு மாட்டிவிட்டேன். உளிக்குப் பதிலாக ஐஸ்கிரீம் குச்சியைச் சீவிக் கொடுத்தேன். பிரஷ்ஷுக்குப் பதிலாக என் வீட்டுக்காரியின் டூத் பிரஷ். அதைப் பற்றி வீட்டில் இன்னும் பேச்சு ஓயவில்லை.

ஆனால் அதன் பிறகு நடந்ததற்கு 749 ரூபாய் தகும். கால் மணி நேரம் சுரண்டியதும் ஒரு பக்கத்தில் பச்சையாக ஒரு முனை தெரிந்தது. மிளகு அளவுதான். அதுவரை பொரிந்து கொட்டிக்கொண்டிருந்த பிள்ளை சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். குச்சியைக் கீழே வைத்துவிட்டு பிரஷ்ஷை எடுத்தாள். நான் சொல்லவில்லை, அவளாகவே எடுத்தாள். ஊதி ஊதித் துடைத்தாள். "கொம்பா இருக்குமா கண்ணு?" என்று கேட்டேன். "பேசாதீங்க தாத்தா" என்றாள். பக்கத்திலேயே இன்னொரு முனை, அப்புறம் மூக்கின் மேல் மூன்றாவது. முழுசாக வெளியே வர நாற்பது நிமிஷம் ஆனது. நான் மூணு கொம்பன் என்றேன், அவள் ட்ரைசெராடாப்ஸ் என்று திருத்தினாள். அந்த நாற்பது நிமிஷமும் செல்போன் உள்ளே சார்ஜில் கிடந்தது.

முனை தெரிந்த உடனே வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பது எங்கள் வேலையில் புதிதாக வந்த பையன்களுக்கே வராத பழக்கம். அதைக் கைக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டது இந்தப் பெட்டி. தலைக்குச் சொல்லிக்கொடுப்பதில்தான் கோளாறு.

முதலில், முட்டையை உடைத்தால் கொம்பும் வாலுமாக வளர்ந்த ஒரு டைனோசர் வருகிறது. அதை நம்பி மறுநாளே பேத்தி தெருவில் கொட்டிக் கிடந்த ஜல்லியில் உருண்டையான கல்லாகப் பார்த்துப் பொறுக்கி வந்து, "முட்டை தாத்தா" என்று தண்ணீரில் ஊறப் போட்டாள். அவளைப் பார்த்துச் சிரிக்க எனக்கு வாய் வரவில்லை. 2020-ல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் மண் எடுக்கும்போது பெரிய பெரிய உருண்டைக் கற்கள் வெளியே வந்தபோது, பெரியவர்களே டைனோசர் முட்டை என்று கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்தார்கள். வாட்ஸ்அப்பில் எனக்கு மட்டும் ஒன்பது பேர் அனுப்பினார்கள். புவியியல்காரர்கள் வந்து பார்த்து, அவை அம்மோனைட்டைச் சுற்றித் திரண்ட உருண்டைகள் என்றார்கள். செத்துக் கடலடிச் சேற்றில் புதைந்த ஒரு சுருள் ஓட்டுப் பிராணி, அதைச் சுற்றித் தாதுக்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் படிந்து இறுகிய கல், அவ்வளவுதான். எங்கள் சுரங்கத்தில் அம்மோனைட்டுக்குப் பஞ்சமே கிடையாது. இந்தப் பக்கத்தில் பெரும்பகுதி டைனோசர் காலத்தில் கடல். என் அம்மா ஒருமுறை அதைப் பார்த்துவிட்டு, சாளக்கிராமம்டா, காலில் மிதிக்காதே என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. கண்டகி ஆற்றுச் சாளக்கிராமத்துக்குள் இருக்கும் சக்கரமும் அம்மோனைட்தான். இத்தனை பக்தி இருந்தும் கிரஷருக்குப் போய் சிமென்டாகிய சுருள்கள் எத்தனையோ. உங்கள் வீட்டுச் சுவரிலும் ஒன்றிரண்டு இருக்கும்.

மத்தியப் பிரதேசத்தில் கதை தலைகீழ். தார் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் தலைமுறை தலைமுறையாகக் குலதெய்வம் என்று கும்பிட்ட உருண்டைக் கற்கள் டைனோசர் முட்டைகள் என்று 2023 கடைசியில் பேப்பரில் வந்தது. அதே வருஷம் ஜனவரியில் வெளியான ஆய்வில், அந்தப் பக்கத்தில் 92 கூடுகளில் 256 முட்டைகள் எண்ணியிருந்தார்கள். ஆக, உருண்டையாக இருப்பதெல்லாம் முட்டையும் இல்லை, சாமியாக இருப்பதெல்லாம் வெறும் கல்லும் இல்லை. இதை ஆறு வயசுப் பிள்ளைக்குச் சொல்ல அந்த அட்டைகளில் ஒரு ஓரமாவது ஒதுக்கியிருக்கலாம்.

இரண்டாவது கோளாறு பிளாஸ்டர். நிஜத்தில் பிளாஸ்டர் என்பது உடைக்கிற பாறை அல்ல, எலும்பைக் காப்பாற்றுகிற கட்டு. எலும்பு கிடைத்ததும், கை ஒடிந்தவனுக்குப் போடுகிற மாதிரி சாக்குத் துணியைப் பிளாஸ்டரில் தோய்த்துச் சுற்றிக்கட்டித்தான் வண்டி ஏற்றுவார்கள். பேத்திக்கு இதைச் சொல்லும்போது கல்லமேடு கதையையும் சொன்னேன். எங்கள் மாவட்டத்துக் கல்லமேட்டில் கிடைத்த எலும்புகளை வைத்து யாதகிரி, அய்யாசாமி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1980-களில் ஒரு டைனோசருக்குப் பெயர் வைத்தார்கள். புருகத்காயோசாரஸ். பெருத்த உடம்புக்காரன் என்று பொருள். முழங்காலுக்குக் கீழே இருக்கும் எலும்பு மட்டுமே இரண்டு மீட்டர். என்னை நிறுத்தி அளந்தால் தலைக்கு மேலே இன்னும் ஒன்றரைச் சாண் போகும். பிளாஸ்டர் கட்டெல்லாம் போட்டுத்தான் எடுத்தார்கள். ஆனால் கட்டுக்குள்ளேயே பொடிந்துபோய், முழுசாகப் போய்ச் சேரவில்லை. இப்போது படமும் எழுத்தும்தான் மிச்சம். அது எலும்பே இல்லை, கல்லான மரம் என்று சந்தேகப்பட்டவர்கள்கூட உண்டு. 2022-ல் பழைய போட்டோக்களை வெளியிட்டு, இல்லை, எலும்புதான் என்றார்கள். பேத்தி கதையைக் கேட்டுவிட்டு, "மெதுவா எடுக்கலையா தாத்தா?" என்றாள். மெதுவாக எடுத்தாலும் சில சமயம் அப்படித்தான் என்றேன். அன்றைக்கு அடுத்த முட்டையைத் தோண்ட அவளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது.

அட்டைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். பன்னிரண்டில் மூன்று டைனோசரே இல்லை. பறக்கிற டெரனோடான் டைனோசருக்குப் பங்காளி. நீந்துகிற பிளீசியோசர் அதைவிடத் தூரத்து உறவு. முதுகில் பாய் விரித்த மாதிரி நிற்கும் டைமெட்ரோடான், முதல் டைனோசர் தலையெடுப்பதற்குப் பல கோடி வருஷம் முன்பே அழிந்துபோனது. நம் நாட்டு டைனோசர் ஒன்றுகூட இல்லை. குஜராத்தில் கிடைத்த ராஜாசாரஸையாவது போட்டிருக்கலாம். உள்ளே இருந்த பொம்மைகள் எல்லாமே கட்டைவிரல் நீளம் என்பதால் டி-ரெக்ஸும் ஆட்டுக்குட்டியும் ஒரே உயரம் என்று பிள்ளை நினைத்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பாட்டிதான் வழி கண்டுபிடித்தார். டி-ரெக்ஸ் பன்னிரண்டு மீட்டர் என்று நான் டேப்பைப் பிடிக்க, எங்கள் வாசலில் மூக்கை ஆரம்பித்துக் கோலமாவால் இழுத்துக்கொண்டே போனார். வால் பக்கத்து வீட்டு மாட்டுக் கொட்டகையில் போய் முடிந்தது.

இப்போது அந்த செல்போன் கேம். திரையை விரலால் தேய்த்தால் மண் விலகி எலும்பு தெரிகிறது. ஒரு எலும்புக்கூட்டுக்கு இருபது நொடி. பத்து நிமிஷத்தில் பதினான்கு கிடைத்தன, ஒன்றின் பெயரும் அவளுக்கு நினைவில்லை. நடுநடுவே விளம்பரம். அப்புறம் ஸ்டெகோசாரஸும் டி-ரெக்ஸும் மோதுகிற சண்டை. ஸ்டெகோசாரஸ் 15 கோடி வருஷத்துக்கு முந்தியது, டி-ரெக்ஸ் 6.8 கோடியில் வந்தது. காலக் கணக்கில் டி-ரெக்ஸுக்கு ஸ்டெகோசாரஸைவிட நாம்தான் பக்கம். நியாயமாகச் சொன்னால், எலும்புகளை இழுத்துப் பொருத்துகிற பகுதி மட்டும் நன்றாக இருக்கிறது. வாலைத் தரையில் போட்டால் ஏற்றுக்கொள்ளாது, தூக்கிப் பிடித்தால்தான் பொருந்தும். அதை மட்டும் இரண்டு நாள் விளையாட விட்டுவிட்டு, அழித்துவிட்டேன்.

ஏழு முட்டை முடிந்ததும் நானே ஒரு விளையாட்டு செய்தேன். ஹார்டுவேர் கடையில் ஒரு கிலோ பிளாஸ்டர், ஒரு பழைய ஐஸ்கிரீம் டப்பா. அடியில் சாம்பல் கலந்த பிளாஸ்டர், அதில் ஒரு நத்தை ஓடு. அது இறுகியதும் செம்மண் கலந்த அடுக்கு, அதில் ஞாயிற்றுக்கிழமைக் குழம்பிலிருந்து கழுவி எடுத்த கோழிக்கால் எலும்பு. மேலே மணல் அடுக்கு, அதில் ஒரு ரூபாய் நாணயம். எது முதலில் புதைந்தது சொல்லு என்றேன். முதலில் கையில் கிடைத்த நாணயம்தான் என்று அடம் பிடித்தாள். நத்தை வரைக்கும் தோண்டிய பிறகு டப்பாவைக் கொஞ்ச நேரம் சாய்த்துப் பார்த்துவிட்டு, "நத்தைதான் ஃபர்ஸ்ட் வந்துச்சு. காசு கடைசியா போட்டீங்க" என்றாள். மொத்தச் செலவு 60 ரூபாய், நாணயம் திரும்பி வந்துவிட்டது.

வாங்கலாமா என்றால், வாங்கலாம். ஐந்து வயதுக்குக் கீழே வேண்டாம், பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார முடியாவிட்டால் அப்போதும் வேண்டாம். உளிகளைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், அட்டையில் அந்த மூன்றை எடுத்து வைத்துவிடுங்கள். திருச்சி, தஞ்சாவூர்ப் பக்கம் இருப்பவர்கள் அப்படியே ஒரு நாள் வாரணவாசியில் இருக்கும் அரியலூர் புதைபடிவ அருங்காட்சியகத்துக்குப் பிள்ளையைக் கூட்டிப் போங்கள். என் பேத்தி கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த அம்மோனைட்டைப் பார்த்துவிட்டு, "இதைத் தண்ணியில ஊறப் போட்டாங்களா?" என்று அங்கிருந்தவரைக் கேட்டாள். அவர் என்னைப் பார்த்தார்.

பன்னிரண்டாவது முட்டையை அவள் உடைக்கவில்லை. தப்பு என் மேல்தான். கோழிக்காலைக் காட்டி, முன்பக்கத்து மூன்று விரலையும் செதிலையும் பார், இதுவும் டைனோசர் வம்சம்தான் என்று ஒரு நாள் சொல்லிவைத்தேன். ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள், அடைகாத்துக்கொண்டிருந்த எங்கள் நாட்டுக்கோழிக்கு அடியில் கொண்டுபோய் வைத்துவிட்டாள். எத்தனை நாள் என்று பாட்டியிடம் கேட்டு இருபத்தொன்று என்று எழுதியும் வாங்கிக்கொண்டாள். தினமும் சாயந்திரம் வீடியோ கால் வருகிறது. கோழி அதைக் காலால் தள்ளித் தள்ளிக் கூடைக்கு வெளியே விடுகிறது. நான் ஆறு மணி வாக்கில் எடுத்து உள்ளே வைத்துவிட்டுத்தான் போனை எடுக்கிறேன். இன்னும் எட்டு நாள் இருக்கிறது.